தோசைக் கடைக் கதவில் ஓர் அறிவிப்பு

கேள்வி: ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் பெட்ரோல் பங்க்கும் அதோடு சேர்ந்த சிறு கடையும் நடத்துகிறேன். நான்கு வருடங்களுக்கு முன் இரவு கடையைப் பூட்டும் நேரத்தில் ஒருவன் என் நெற்றிக்கு நேரே துப்பாக்கியை நீட்டிப் பணத்தைப் பறித்துக்கொண்டு போனான். அதன் பிறகு வகுப்புக்குப் போய், முறையாக லைசென்ஸ் எடுத்து, சட்டைக்குள் மறைவாகக் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்கிறேன். யாரிடமும் காட்டியதில்லை. ஒன்பது மணிக்குக் கடையைப் பூட்டியதும் அன்றைய வசூலோடு நேரே சாப்பிடப் போவது நம் ஊர்க்காரர் ஒருவர் நடத்தும் தோசைக் கடைக்கு. ஒன்பது வருட வாடிக்கை. முதலாளி மதுரைப் பக்கத்துக்காரர், என்னை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவார். இரண்டு வாரங்களுக்கு முன் போனால், கதவில் துப்பாக்கியோடு வரக்கூடாது என்று பெரிய அறிவிப்பு. முழுவதும் படிக்கக்கூட மனமில்லாமல் திரும்பிவிட்டேன். அன்றிலிருந்து இரவில் வீட்டில் ரொட்டிதான். என் பணம் வேண்டும், என் உயிர் வேண்டாமா? துப்பாக்கி வைத்திருக்கும் நண்பர்கள், 'துப்பாக்கி இல்லையென்றால் பணமும் இல்லை' என்று அச்சடித்த அட்டையைக் கொடுத்து, பில்லோடு வைத்துவிட்டு வா என்கிறார்கள். மகன் இணையத்தில் ஒற்றை நட்சத்திரம் போட்டுவிடுகிறேன் என்கிறான். இது என் உரிமையைப் பறிப்பது இல்லையா? நான் என்ன செய்யட்டும்?
— பெயர் வேண்டாம், டெக்சாஸ்

பதில்: அன்புள்ள சகோதரருக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் துப்பாக்கி வைத்திருப்பவள் அல்ல, வாங்கும் எண்ணமும் இல்லை. என் பதிலில் அந்தச் சாய்வு எங்காவது தெரிந்தால் கழித்துக்கொள்ளுங்கள். ஆனால் நெற்றிக்கு நேரே துப்பாக்கியைப் பார்த்தவர் நீங்கள். அந்த இரவு என்னவென்று தெரியாத நான், 'உங்களுக்கு எதற்கு இதெல்லாம்?' என்று கேட்கப் போவதில்லை.

உரிமை விஷயத்தை முடித்துவிடுவோம். துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமையைச் சொல்லும், அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தம் 1791-இல் வந்தது. அது கட்டிப்போடுவது அரசாங்கத்தை. தோசைக் கடைக்காரரை அல்ல. அவர் கடை அவருடைய இடம். செருப்பைக் கழற்றிவிட்டு வா என்று சொல்லும் உரிமை அவருக்கு இருப்பதுபோல, துப்பாக்கியை விட்டுவிட்டு வா என்று சொல்லும் உரிமையும் இருக்கிறது. இதை டெக்சாஸ் சட்டமே எழுதிக் கொடுத்திருக்கிறது. துப்பாக்கி விஷயத்தில் இவ்வளவு தாராளமான மாநிலம், அதே மூச்சில் கடைக்காரர் கையிலும் ஒரு பலகையைக் கொடுத்தது. நிலமும் உடைமையும் இங்கே துப்பாக்கிக்குக் குறையாத சாமிகள்.

அந்தப் பலகையை நீங்கள் முழுவதும் படிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அங்கேதான் இடிக்கிறது.

2016 ஜனவரி முதல் தேதி, லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் கைத்துப்பாக்கியை வெளியே தெரியும்படி எடுத்துப் போகலாம் என்ற சட்டம் இங்கே அமலுக்கு வந்தது. அந்த மாதம் என் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். காய்கறி வாங்கக் கூட்டிக்கொண்டு போனேன். கடைக் கதவுக் கண்ணாடி பாதி மறையும்படி ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் ஒரு நீளமான வாசகம். அம்மா நின்று பார்த்துவிட்டு, "என்னம்மா, கடையை ஏலம் விடுகிறார்களா?" என்று கேட்டார். அவ்வளவு பெரிதாக எழுதியது கடைக்காரரின் ஆர்வத்தால் அல்ல. ஒவ்வொரு எழுத்தும் குறைந்தது ஓர் அங்குல உயரம் இருக்க வேண்டும், இரண்டு மொழியும் இருக்க வேண்டும், பின்னணியிலிருந்து பளிச்சென்று தெரிய வேண்டும், வாசகம் சட்டத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்பது விதி. துப்பாக்கிப் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், உங்களைப் போல லைசென்ஸ் உள்ளவர்களைப் பொறுத்தவரை அது இந்தப் பலகைக்கு ஈடாகாது.

அந்த நீளமான வாசகத்தில் டெக்சாஸ் சட்டப் பிரிவின் எண் ஒன்று இருக்கும். 30.06 என்றால், மறைத்து வைத்த கைத்துப்பாக்கியோடு லைசென்ஸ்காரர் உள்ளே வரக்கூடாது. 30.07 என்றால், வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு வரக்கூடாது. இரண்டும் வேறு வேறு. 2021 செப்டம்பர் முதல் 21 வயதானவர்கள் பலர் லைசென்ஸ் இல்லாமலேயே கைத்துப்பாக்கி எடுத்துப் போகலாம் என்றாகிவிட்டதால், அவர்களை நிறுத்துவதற்கு 30.05 என்று மூன்றாவது ஒன்றும் கதவுகளில் சேர்ந்துகொண்டது. (.30-06 என்று ஏறக்குறைய இதே எண்ணைப் பெயராகக் கொண்ட வேட்டைத் துப்பாக்கித் தோட்டா ஒன்றும் இருக்கிறது. சட்டம் எழுதியவர்கள் சிரித்துக்கொண்டே எண் போட்டார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.) இதையெல்லாம் உங்கள் லைசென்ஸ் வகுப்பில் சொல்லியிருப்பார்கள். கோபத்தில் மறந்திருக்கிறீர்கள்.

30.06 பலகை முறையாக இருக்கும் இடத்தில் மறைத்துக்கொண்டு உள்ளே போனால் 200 டாலர் வரை அபராதம். முதலாளி வாயால் சொல்லியும் வெளியேறாமல் நின்றால் கதை வேறு. ஓராண்டு வரை சிறை, 4,000 டாலர் வரை அபராதம் என்று ஏறிவிடும். 'சட்டைக்குள் இருப்பது யாருக்குத் தெரியப் போகிறது?' என்று உங்கள் நண்பர்களில் ஒருவராவது சொல்லியிருப்பார். அவர் சொல்லைக் கேட்காதீர்கள். நீங்கள் கிரீன் கார்டில் இருப்பவரானால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். துப்பாக்கி சம்பந்தமான வழக்கு எதுவும் குடியுரிமை வரிசையில் முள்ளாகக் குத்தும்.

இனி உங்கள் மனவருத்தம். அறிவிப்பு உங்களைப் பார்த்து எழுதப்பட்டது என்று நினைக்கிறீர்கள். அவரிடம் போய் உங்களைப் போலவே இன்னொரு வாடிக்கையாளர் பேசியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. பக்கத்து மேசைக்காரர் இடுப்பில் துப்பாக்கி தொங்குவதைப் பார்த்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாதிச் சாப்பாட்டில் எழுந்து போன ஒரு தாயாக இருக்கலாம். இந்த நாட்டில் இப்படித்தான் நடந்து வந்திருக்கிறது. ஸ்டார்பக்ஸ் கதை தெரிந்திருக்கும். உள்ளூர்ச் சட்டம் என்ன சொல்கிறதோ அதுதான் எங்கள் கொள்கை என்று பல வருடம் ஒதுங்கி நின்றார்கள். துப்பாக்கி ஆதரவாளர்கள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, இடுப்பில் துப்பாக்கியோடு கும்பலாகக் காப்பி குடிக்க வந்தார்கள். எதிர்த்தரப்பினர் சனிக்கிழமைகளில் ஸ்டார்பக்ஸ் பக்கம் போகாதீர்கள் என்றார்கள். காப்பி விற்றவர் பாடு திண்டாட்டம். 2013 செப்டம்பரில் அதன் தலைவர் ஹோவர்ட் ஷுல்ட்ஸ் வெளியிட்ட கடிதம் தடை அல்ல, வேண்டுகோள். தடை என்று போட்டால், துப்பாக்கி வைத்திருப்பவர் முன்னால் போய் நின்று 'வெளியே போங்கள்' என்று சொல்ல வேண்டியது காப்பி கலக்கும் பிள்ளைகள்தானே என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று.

2019 ஆகஸ்டு 3 அன்று எல் பாசோவில் வால்மார்ட் கடைக்குள் நடந்த படுகொலை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 23 பேர் இறந்தார்கள். அடுத்த மாதம் வால்மார்ட் கேட்டுக்கொண்டது என்ன? துப்பாக்கியை வெளியே தெரியும்படி எடுத்து வராதீர்கள் என்பது மட்டும்தான். லைசென்ஸோடு மறைவாக வைத்திருப்பவர்களைப் பற்றி அவர்கள் கொள்கை மாறவில்லை. அன்றைக்கே குரோகர் மளிகைக் கடைகளும் அதே வேண்டுகோளை வைத்தன. டெக்சாஸின் சொந்த மளிகைக் கடையான ஹெச்-ஈ-பி, அந்த 2016 சட்டம் வந்த காலத்திலிருந்தே அந்தக் கோட்டில்தான் நிற்கிறது: வெளியே தெரியக்கூடாது. பெரிய கடைகள் பல இப்படி நடுவில் ஒரு வழி பிடித்தன. உங்கள் மதுரைக்காரரும் அதைத்தான் பிடித்திருக்கிறாரோ என்னவோ!

அந்த அட்டை வேண்டாம். பில் புத்தகத்தைத் திறந்து அதை எடுக்கப்போவது முதலாளி அல்ல, மேசை துடைக்கும் பையன். டிப்ஸ் இருக்கும் என்று நினைத்துத் திறப்பான். ஒன்பது வருடம் உங்களுக்குச் சாம்பார் ஊற்றியவனுக்கு அது நியாயமா? உங்கள் நண்பர்களிடம் ஒன்றை மட்டும் மெச்சுகிறேன். அவர்கள் தங்கள் மனத்தில் இருப்பதைக் கடைக்காரருக்குத் தெரியும்படி சொல்லிவிடுகிறார்கள். நம்மவர்கள் பெரும்பாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு கடைக்குப் போய்விடுவோம். நீங்களும் இரண்டு வாரமாக அதைத்தான் செய்கிறீர்கள். 'அண்ணன் ஏன் வரவில்லை, உடம்பு சரியில்லையோ?' என்று அவர் கவலைப்பட்டுக்கொண்டிருப்பார். ஒற்றை நட்சத்திரமும் வேண்டாம். தோசை நன்றாக இல்லை என்றால் தோசைக்கு நட்சத்திரத்தைக் குறையுங்கள்.

நேரில் போங்கள். மதியம் மூன்று மணிக்கு, கூட்டம் இல்லாத நேரத்தில், துப்பாக்கி இல்லாமல் போங்கள். கல்லாவின் எதிரே நின்று பேசாமல், உட்கார்ந்து ஒரு காப்பி சொல்லிவிட்டுப் பேசுங்கள். "தம்பி, உன் கதவில் இருப்பதைப் பார்த்து எனக்கு வருத்தமாக இருந்தது" என்று தொடங்குங்கள். உங்களுக்கு நடந்த கொள்ளையை அவருக்கு எப்போதாவது விவரமாகச் சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தைப் பார்த்தால் சொல்லியிருப்பீர்கள் என்று தோன்றவில்லை. நீங்கள் சட்டைக்குள் என்ன வைத்திருக்கிறீர்கள் என்பதே அவருக்குத் தெரியாது. பிறகு எப்படி உங்களை விரட்டுவதற்குப் பலகை மாட்டியிருப்பார்? 30.06 இருந்தால், 30.07 மட்டும் போதாதா என்று கேட்டுப் பாருங்கள். கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. மறுப்பது அவர் உரிமை. மறுத்தால், "சரி, இனி நான் வருவது சிரமம்" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வாருங்கள்.

இன்னொன்று. கேட்காததைச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். இரவு ஒன்பது மணிக்கு அன்றைய வசூல் முழுவதையும் மடியில் கட்டிக்கொண்டு எதற்குத் தோசை சாப்பிடப் போகிறீர்கள்? துப்பாக்கி காவல் காப்பது உங்களையா, அந்தப் பையையா? பல வங்கிகளின் வெளிச்சுவரில் இரவில் பணம் போடும் பெட்டி இருக்கிறது. கடையிலேயே தரையோடு பதித்த இரும்புப் பெட்டி வைத்தால், போட்ட பணத்தை ஊழியராலும் எடுக்க முடியாது. 'பணம் பெட்டிக்குள், திறக்க என்னிடம் சாவி இல்லை' என்று கதவில் எழுதி ஒட்டும் கடைகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒரே வழியில் ஒரே நேரத்தில் பையோடு போகும் பழக்கத்தை முதலில் விடுங்கள். அந்தக் கொள்ளைக்காரன் உங்களுக்காகக் காத்திருந்தது அந்தப் பழக்கத்தைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

துப்பாக்கியைக் காரில் விட்டுவிட்டுப் போவதாக இருந்தால், டாஷ்போர்டுப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகாதீர்கள். காரை உடைப்பவன் முதலில் கை விடும் இடம் அது. இருக்கையின் அடிக் கம்பியில் கம்பிவடத்தால் பிணைக்கும் சிறு இரும்புப் பெட்டி துப்பாக்கிக் கடைகளிலேயே கிடைக்கும். அதையும் தோசைக் கடை வாசலில் நிறுத்திவிட்டுத் திறந்து மூடாதீர்கள். கிளம்பும் இடத்திலேயே வைத்துப் பூட்டிவிடுங்கள். பார்க்கிங்கில் குனிந்து எதையோ ஒளிப்பவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள் எப்போதும் இருக்கும்.

எதற்கும் இன்று இரவு கடைக்குள் போகாமல், கதவு வரை மட்டும் போய்ப் பலகையை நிதானமாகப் படித்துவிட்டு வந்து எனக்கு எழுதுங்கள். அதில் 30.07 மட்டும் இருந்தால், இரண்டு வாரமாக நீங்கள் வீட்டில் ரொட்டி தின்றது வீண்.