ஆரியங்காவு மழையில முன்கண்ணாடி மூடுதா? 8000 ரூபாய எடுக்குறதுக்கு முன்னாடி ஒரு பட்டனைப் பாருங்க

கேள்வி: செங்கோட்டைலேருந்து புனலூர்ல ஒரு ஸ்கூலுக்கு டெய்லி என் சின்ன கார்லதான் போய்ட்டு வாறேன். ஜூன்ல மழை ஆரம்பிச்சதுலேருந்து முன்கண்ணாடில உள்பக்கம் ஆவி புடிக்குது, கையால துடைச்சா இழுவிக்கிட்டு இன்னும் மோசமாகுது. வைப்பர் போட்டா கோடு கோடா விழுது. சாயங்காலம் எதிர்ல லாரி வந்தா லைட்டு கண்ணாடி பூரா செதறுது. ஒரு கடையில 8000 ரூபாய்க்கு கோட்டிங் அடிச்சா வைப்பரே வேண்டாம்னு சொல்லுதாங்க. இன்னொருத்தர் இன்சூரன்ஸ்ல கண்ணாடியவே ஃப்ரீயா மாத்தித் தாரேங்காரு. எதைச் செய்ய?

பதில்: ரெண்டையும் செய்யாதீங்க டீச்சர். நீங்க சொன்னது ஒரு கோளாறு இல்ல, மூணு. மூணுக்கும் சேத்து ஆயிரம் ரூபா தாண்டாது.

முதல்ல ஆவி. நீங்க எழுதாத ஒண்ணை நானே சொல்லுதேன், ஏசி போடாமதான ஓட்டுதீங்க? மழைதான, குளுகுளுன்னுதான இருக்கு, எதுக்கு வீணா பெட்ரோலுன்னு. எங்கிட்ட இந்தக் கம்ப்ளெயிண்டோட வர்ற பத்து வண்டில ஏழெட்டு வண்டி இப்படித்தான் வருது, ஏசி ஆஃப், நாலு கண்ணாடியும் மூடி, காருக்குள்ள அம்பு வளைஞ்ச மாதிரி படம் போட்ட பட்டன்ல லைட்டு எரிஞ்சுக்கிட்டு இருக்கும், அதுதான் உள்ள இருக்க காத்தையே திரும்பத் திரும்ப சுத்த விடுற பட்டன், போன வெயில் காலத்துல அமுக்கினதை யாரும் எடுத்திருக்க மாட்டாங்க. நம்ம மூச்சுல வர்ற ஈரம், நனைஞ்ச குடை, காலடி மேட்ல தேங்குன தண்ணி எல்லாம் வெளிய போக வழியில்லாம குளுந்த கண்ணாடில போய் ஒட்டிக்குது. ஏசிக்கு குளுர வைக்கிறது மட்டும் வேலை இல்ல, காத்துல இருக்க ஈரத்தப் பிழிஞ்சு கீழ ஒரு பைப் வழியா ஊத்திரும். அதனால வண்டி எடுத்ததுமே ஏசி ஆன், அந்தப் பட்டன் ஆஃப், காத்து முன்கண்ணாடிக்குப் போற மாதிரி, ஃபேன் நல்லா கூட்டி, சூட்டைக் கொஞ்சம் ஏத்தி வைங்க. குளுருதேன்னு ஏசிய ஆஃப் பண்ணாதீங்க, சூட்டையும் ஏசியையும் சேத்துப் போடலாம், ஒண்ணும் ஆகாது. புளியரை தாண்டுறதுக்குள்ள தெளிஞ்சிரும்.

இப்ப ஒரே ஒரு விஷயம், இதை மட்டும் மெதுவாப் படிங்க, ஏன்னா இதுலதான் ஆளுங்க தலைகீழா மாட்டுதாங்க. சில நேரம் ஆவி உள்ள இருக்காது, வெளிய இருக்கும். ஐஸ் தண்ணி ஊத்துன சொம்பு வெளிப்பக்கம் வேர்க்கும்ல, அதே கதை. மலைல ஏசிய நல்லா வச்சு கண்ணாடி சில்லுன்னு ஆகிருக்கும், கழுதுருட்டி பதிமூணு கண் பாலம் தாண்டி தென்மலைப் பக்கம் இறங்க இறங்க வெளிய புழுக்கமான ஈரக்காத்து, அது அந்தச் சில்லுக் கண்ணாடில பட்டு வெளிய மூடிரும். நீங்க உள்ளதான்னு நெனச்சு கண்ணாடிக்கு இன்னும் ஏசி காத்து அடிப்பீங்க, கண்ணாடி இன்னும் குளுரும், இன்னும் மூடும். ஒரு தரம் என் தம்பியே இடமண் கிட்ட இப்படி வண்டிய ஓரங்கட்டி உள்பக்கத்தத் துண்டால துடைச்சுக்கிட்டே இருந்தான், பக்கத்துல உக்காந்து நான் சிரிச்சுக்கிட்டு இருந்தேன். கண்டுபிடிக்கிறது சுலபம், உள்பக்கம் ஒரு வெரலால கோடு போடுங்க. கோடு தெளிவா விழுந்தா ஆவி உள்ள. கோடே விழலைன்னா வெளிய. வெளியன்னா வைப்பர ஒரு இழுப்பு இழுங்க, காத்த கண்ணாடிலேருந்து மூஞ்சிப் பக்கம் திருப்புங்க, சூட்ட ஏத்துங்க. அவ்ளோதான். உள்ளதுக்கு ஒரு வைத்தியம், வெளியதுக்கு வேற வைத்தியம், வெரல் வச்சுப் பாக்காம பட்டன்ல கை வைக்காதீங்க.

ஏசி போட்டும் உள்ள ஆவி விடவே இல்லைன்னா பக்கத்து சீட்டுக் காலடி கார்ப்பெட்ட அமுக்கிப் பாருங்க, ஈரமா இருந்தா அந்த ஏசி தண்ணி பைப் அடைச்சிருக்கு. காருக்குள்ள வர்ற காத்த வடிகட்டுற கேபின் ஃபில்டரையும் மெக்கானிக்கக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க, மலைப்பாதைல ஓடுற வண்டில இலையும் தூசியும் சேந்து அட்டை மாதிரி ஆகிருக்கும்.

அடுத்து அந்த இழுவல். கையால துடைச்சா இழுவுதுன்னா அது தண்ணி இல்ல டீச்சர், எண்ணெய்ப் படலம். வெளிப்பக்கம் முன்னாடி போற லாரியோட டீசல் கரி. உள்பக்கம், வெயில்ல நிறுத்துன வண்டில டேஷ்போர்டு பிளாஸ்டிக்லேருந்து ஆவியாகி வர்றது, போதாக்கொறைக்கு வாட்டர் வாஷ்ல பளபளன்னு இருக்கணும்னு டேஷ்போர்டுக்கு ஒரு பாலிஷ் அடிச்சு அதே துணியால கண்ணாடியையும் ஒரு தேய் தேய்ச்சு விட்டுருவான். அந்தப் படலம்தான் ராத்திரி லாரி லைட்டைச் செதற விடுது. இனிமே வாட்டர் வாஷ் விட்டா கண்ணாடி உள்பக்கம் தொடாதேன்னு சொல்லிருங்க. வீட்டுல ரெண்டு மைக்ரோஃபைபர் துணி, ஒரு கிளாஸ் கிளீனர், நெழல்ல நிறுத்தி, முதல் துணில தேய்ச்சு ரெண்டாவதுல காய விடாம துடைங்க. முதல் துணி கருப்பாகும், பாத்தா அசந்துருவீங்க. ஒரு தரம் பத்தாது, ரெண்டு தரம்.

கோடு கோடா விழுறது வைப்பர் ரப்பர். மார்ச்சுலேருந்து மே வரைக்கும் நம்ம ஊரு வெயில்ல வெந்து வெறச்சுப் போன ரப்பர், ஜூன்ல மழை வந்ததும் கண்ணாடில எப்படி ஒட்டும்? வருஷா வருஷம் சாரல் தொடங்குறதுக்கு முன்னாடி மாத்திருங்க. டிரைவர் பக்கமும் அடுத்த பக்கமும் பெரும்பாலும் வேற வேற நீளம், பழசைக் கொண்டுபோயி அளந்து வாங்குங்க. வாஷர் டேங்க்ல போர் தண்ணி ஊத்தாதீங்க, உப்புப் பூத்து கண்ணாடில வெள்ளப் பொட்டு விழும், சோப்புத் தூளும் வேண்டாம். பழைய லாரிக்காரங்க பொகையிலையக் கசக்கித் தேய்ப்பாங்க, அது கொஞ்ச நேரம் வேலை செய்யும், ஆனா உங்களுக்கு அது எதுக்கு.

இனி அந்த 8000 ரூபா. கோட்டிங் பொய்யான சரக்குன்னு சொல்லல. தண்ணி பரவாம முத்து முத்தா நிக்கும், காத்து அந்த முத்தத் தள்ளிக்கிட்டுப் போகும், அதான் விஷயம். ஆனா காத்து தள்ளணும்னா வண்டி ஏறக்கொறைய 60க்கு மேல ஓடணும். மலைப்பாதை எஸ் வளைவுல லாரிக்குப் பின்னாடி 25ல ஏறுற உங்களுக்கு முத்து நின்ன எடத்துலயே நிக்கும், ஒவ்வொரு முத்துலயும் ஒரு லைட்டு மின்னும். கடையில காட்டுற வீடியோல ரோடு நேரா இருக்கும், பாத்துக்கோங்க. வேணும்னா சைடு மிரருக்கும் பக்கக் கண்ணாடிக்கும் மட்டும் சின்ன பாட்டில் வாங்கி நீங்களே போடுங்க. வைப்பரே வேண்டாம்னு ஒருத்தன் சொன்னான்னா அவன் ஆரியங்காவு மழையப் பாத்ததே இல்ல.

அந்த ‘ஃப்ரீ கண்ணாடி’ ஆளுகிட்ட இன்னும் ஜாக்கிரதை. கண்ணாடிக்குத் தேய்மானம் கழிக்க மாட்டாங்கங்கறது நெசம். அடுத்த வரிய அவன் சொல்ல மாட்டான். 1500 சிசி வரைக்குமான வண்டிக்கு 1000 ரூபா நம்ம கையிலேருந்து கட்டணும், அதோட நோ கிளைம் போனஸ் போச்சு. நாலு வருஷம் கிளைம் பண்ணாம இருந்தா நம்ம வண்டி சேதத்துக்குக் கட்டுற பிரீமியத்துல 45 சதவீதம், அஞ்சு வருஷம்னா 50 சதவீதம் தள்ளுபடி வரும், ஒரே ஒரு கண்ணாடிக்காக அது பூஜ்யத்துலேருந்து ஆரம்பிக்கும். விரிசலே இல்லாத கண்ணாடிக்கு எப்படி கிளைம் பண்ணுவான்னு கேளுங்க, ‘அதை நாங்க பாத்துக்கிடுதோம்’னுவான். பாத்துக்கிடுதோம்னா சுத்தியல எடுத்து ஒரு தட்டு. ஃபார்ம்ல கையெழுத்து மட்டும் உங்களோடது. கம்பெனில ஒட்டுன கண்ணாடியப் பிரிச்சு அவசரத்துல பசை காயாம ஒட்டினா மழைத் தண்ணி உள்ள எறங்கும், அப்புறம் மறுபடியும் ஆவின்னு எங்கிட்டதான் வருவீங்க.

பக்கக் கண்ணாடில கருப்பு ஃபிலிம் இருந்தா உரிச்சிருங்க, மழை இருட்டுல சைடு மிரரே தெரியாது. 2012ல சுப்ரீம் கோர்ட் ஒட்டக் கூடாதுன்னுச்சு, 2024ல கேரளா ஹைகோர்ட் முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கத்துல 50 சதவீதம் வெளிச்சம் விட்டா ஒட்டலாம்னுச்சு, நீங்களோ ஒரே நாள்ல ரெண்டு ஸ்டேட்லயும் ஓட்டுதீங்க. ரோட்டுல கைகாட்டுறவர் எதைப் படிச்சாரோ அதான் அன்னைக்குச் சட்டம், அளக்குற மிஷினோட ஒருத்தரும் நின்னு நான் பாத்ததில்ல. பின்கண்ணாடில ஃபிலிம் இருந்தா நீங்களா உரிக்காதீங்க, அதுல ஓடுற சூட்டுக் கம்பிக் கோடு ஃபிலிமோட சேந்து வந்துரும்.

நாளைக்குக் காலைல அந்தப் பட்டனப் பாருங்க. சனிக்கிழமை துணியும் கிளீனரும். ரப்பர் மட்டும் இன்னைக்கே வாங்கிருங்க, மழை விட்டாப்புல கடையில ஸ்டாக் இருக்கும், பெய்யும்போது போனா உங்க அளவு மட்டும் இருக்காது.