ஒரே மாதிரி இரண்டு கப்பல், விலை மட்டும் வேறு: மலையகத்துக் கேள்விகளும் பதில்களும்

சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் உல்லாசக் கப்பல்களைப் பற்றி ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கமிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒன்றையேதான் கேட்கின்றன: இரண்டு கப்பலும் ஒரே மாதிரி இருக்கிறதே, எதை எடுத்தால் கொடுக்கிற காசு செல்லும்? கணக்குக்காக நான் எடுத்திருக்கும் பயணக் கட்டணங்கள் உதாரணத்துக்கு மட்டும். உண்மைக் கட்டணம் காலையில் ஒன்று, மாலையில் ஒன்றாக இருக்கும்.

ஹட்டன், ஆசிரியை: அண்ணே, நாலு இரவுப் பயணம். ஒரு கப்பலில் ஆளுக்கு 380 டொலர், மற்றதில் 460. அந்த 80 டொலருக்கு மற்றக் கப்பலில் அப்படி என்ன இருக்கு?

முதலில் அது 80 டொலர்தானா என்று பாருங்கள், டீச்சர். தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு காட்டும் எடை வேறு, சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்துத் தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் விழும் எடை வேறு. கப்பல் கட்டணத்தில் இது தலைகீழாக நடக்கும்: காட்டுவது சிறிது, விழுவது பெரிது.

விளம்பரத்தில் போடும் தொகை, ஒரு கெபினில் இரண்டு பேர் தங்குவதாக வைத்து ஆளுக்குப் போட்ட அடிப்படைக் கட்டணம். அதன்மேல் வரியும் துறைமுகக் கட்டணமும் வரும். அதற்கும் மேல் ஊழியர்களுக்கான சேவைக் கட்டணம் ஆளுக்கு, நாளுக்கு என்று ஏறும். ரோயல் கரிபியன் நிறுவனம் அண்மைய ஆண்டுகளில் இதைச் சாதாரணக் கெபின்களுக்கு 18.50 டொலர் வரை ஏற்றியது, குழந்தைக்கும் அதே தொகை. அதையே கணக்குக்கு எடுக்கிறேன். சில நிறுவனங்கள் இதைக் கட்டணத்துக்குள்ளேயே அடக்கிவிடும்.

உங்கள் முதல் கப்பலுக்கு வரி 120 என்றால், 380, 120, நாலு நாளுக்கு 74, மொத்தம் 574. இரண்டாவது கப்பலில் வரி 105, சேவைக் கட்டணம் உள்ளடக்கம் என்றால் மொத்தம் 565. 80 டொலர் மலிவாகத் தெரிந்தது உண்மையில் 9 டொலர் கூட. இரவுக்குப் பிரித்தால் 143.50, 141.25.

இந்தத் தொகையை ஊகிக்கத் தேவையில்லை. கப்பல் நிறுவனத்தின் தளத்தில் திகதி, கெபின் வகை, ஆட்களின் வயது எல்லாம் கொடுத்து, அட்டை இலக்கம் கேட்கும் பக்கம் வரை போங்கள். அங்கே முழு விபரமும் பிரித்துக் காட்டப்படும். சேவைக் கட்டணம் மட்டும் அதில் சில நேரம் வராது, தனியே கூட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு கப்பலையும் ஒரே நாளில், ஒரே நாணயத்தில், ஒரே கெபின் வகையில் பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஒன்றைச் சிங்கப்பூர் டொலரிலும் மற்றதை அமெரிக்க டொலரிலும் பார்த்துவிட்டு ஒப்பிடுகிறவர்கள்தான் அதிகம்.

நுவரெலியா: இரண்டும் 'சகோதரக் கப்பல்' என்று ஏஜென்ட் சொல்கிறார். அப்படியானால் மலிவானதை எடுக்கலாம்தானே?

சகோதரக் கப்பல் என்றால் ஒரே வரைபடத்தில் கட்டியவை. உடம்பு ஒன்று என்பதால் உள்ளே இருப்பதும் ஒன்று என்று எடுக்கக்கூடாது. ரோயல் கரிபியனின் குவாண்டம் ஒஃப் த சீஸ் 2014இல் வந்தது, அந்தெம் 2015இல், ஓவேஷன் 2016இல். மூன்றும் ஜெர்மனியின் பாப்பன்பர்க் நகரில் மேயர் வெர்ஃப்ட் கட்டியவை. ஒவ்வொன்றும் 168,666 மொத்தத் தொன். இப்படியான சோடிக்குக் கட்டணம் வேறுபட்டால் காரணம் இரும்பில் இல்லை. திகதி, போகும் துறைமுகங்கள், கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள் என்ற மூன்றில் ஒன்றாக இருக்கும்.

எதிர் உதாரணமும் உண்டு. ஜென்டிங் ட்ரீம் 2016இல் வந்தது, அதன் சோடி வேர்ல்ட் ட்ரீம் 2017இல். ஜென்டிங் ட்ரீம் இன்று சிங்கப்பூரிலிருந்து ஓடுகிறது. வேர்ல்ட் ட்ரீம் ஆரோயா என்று பெயர் மாறி சவூதி நிறுவனத்துக்காக ஓடுகிறது, அதில் மதுவே கிடையாது. வரைபடத்தில் இரட்டைப் பிள்ளைகள், பயணத்தில் சம்பந்தமில்லை.

கட்டிய ஆண்டைவிட நெரிசலைக் கணக்குப் பார்ப்பது பிரயோசனம். மொத்தத் தொன் என்பது எடையல்ல, கப்பலின் உள் கொள்ளளவைக் காட்டும் அளவு. அதைக் கெபினுக்கு இருவர் வீதம் வரும் பயணிகள் தொகையால் வகுங்கள். குவாண்டத்துக்கு 168,666ஐ 4,180ஆல் வகுத்தால் 40 சொச்சம். ஜென்டிங் ட்ரீமுக்கு 150,695ஐ 3,352ஆல் வகுத்தால் 45 அளவில். எண் கூடக் கூட ஆளுக்கு இடம் கூட. ஆனால் பள்ளி விடுமுறையில் மூன்றாம், நான்காம் கட்டில்களும் நிரம்பும். குவாண்டத்தில் 4,900 பேர் ஏறினால் அந்த 40, 34க்கு இறங்கிவிடும். பஃபே வரிசையில் அது நன்றாகத் தெரியும்.

தலவாக்கலை, இரண்டு பிள்ளைகளின் தாய்: 'இரண்டாவது ஆளுக்கு 60 சதவீதக் கழிவு', 'பிள்ளைகளுக்கு இலவசம்' என்று போட்டிருக்கு. உண்மையா?

உண்மைதான் அக்கா, ஆனால் வாசிக்கிற விதம் இருக்கிறது. இரண்டாவது ஆளுக்கு 60 என்றால் இருவர் கெபினுக்கு மொத்தத்தில் 30 சதவீதம்தான், அதுவும் அடிப்படைக் கட்டணத்தில். வரியிலும் சேவைக் கட்டணத்திலும் ஒரு சதம் குறையாது. 'இலவச' பிள்ளைக்கும் அந்த இரண்டும் உண்டு: மேலே சொன்ன முதல் கப்பலில் பிள்ளைக்கு 120, 74, ஆக 194 டொலர். இரண்டு பிள்ளைக்கு 388. வேறு கப்பலில் கழிவே இல்லாமல் அடிப்படைக் கட்டணம் குறைவாக இருந்தால் அது மலிவாக முடியலாம். ஆகவே கழிவு வீதத்தைப் பார்க்காமல் நாலு பேருக்குமான கடைசித் தொகையை மட்டும் பாருங்கள்.

இன்னொன்றையும் விலை பாருங்கள். நாலு பேர் ஒரு பல்கனிக் கெபினில் நெருக்குவதற்குப் பதிலாக, நடுவில் கதவுள்ள இரண்டு உள் கெபின்கள் சில திகதிகளில் அதே விலைக்கு அல்லது குறைவாகக் கிடைக்கும். காலை எட்டு மணிக்குத் துறைமுகத்தில் இறங்க வேண்டிய நாளில் குளியலறை இரண்டு இருப்பதன் அருமை விளங்கும். பிள்ளைகளின் வயதைச் சரியாகக் கொடுங்கள். பயண நாளில் உள்ள வயதுதான் கணக்கு.

மாத்தளை: தனியாகப் போகிறேன். ஏன் இரட்டிப்புக் கேட்கிறார்கள்?

கெபின் இருவருக்கானது, அதனால் அடிப்படைக் கட்டணம் பெரும்பாலும் இரட்டிப்பு. வரியும் சேவைக் கட்டணமும் ஒரு முறைதான். அதே உதாரணத்தில் 760, 120, 74 கூட்டினால் 954. இருவர் போனால் கெபினுக்கு 1,148. வித்தியாசம் 194 டொலர்தான். தம்பியையோ நண்பரையோ கூட்டிக்கொண்டு போவது பற்றி யோசியுங்கள். தனியாகத்தான் என்றால், தனியாளுக்கென்று சிறிய கெபின் வைத்திருக்கும் கப்பல்களும் உண்டு. அவை முதலில் விற்றுவிடும்.

பண்டாரவளை: ஒன்று பினாங்கும் புக்கெட்டும் போகிறது, மற்றது போர்ட் கிளாங் மட்டும். இரவுக் கணக்கு ஒன்றுதான், விலையும் கிட்டத்தட்ட ஒன்று.

நான் எடுத்தால் பினாங்கு போவதைத்தான் எடுப்பேன். ஜோர்ஜ் டவுனின் ஸ்வெட்டன்ஹாம் இறங்குதுறையில் இறங்கினால் நகரமே முன்னால். லிட்டில் இந்தியாவும், 1833இல் கட்டிய மகா மாரியம்மன் கோயிலும் நடை தூரம். கையில் கொஞ்சம் ரிங்கிட் போதும். போர்ட் கிளாங் அப்படியில்லை, கோலாலம்பூர் போக வாகனத்தில் ஒரு மணி நேரமாவது வேண்டும். போக்குவரத்து நெரிசலில் அதற்கு மேல். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலா பஸ்ஸை எடுத்தால் குடும்பத்துக்கு ஒரு நல்ல தொகை போய்விடும். தனி டெக்சியில் போய்ப் பிந்தினால் கப்பல் நிற்காது. புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பல நேரம் நங்கூரமிட்டுத்தான் நிற்கும், சிறு படகில் கரைக்குப் போக வேண்டும். எட்டு மணி நேரத் தரிப்பில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் படகு வரிசையில் போனால் ஆச்சரியமில்லை. ஆகவே 'இரண்டு துறைமுகம்' என்பதை அப்படியே இரண்டாக எண்ணாமல், கரையில் உண்மையாகக் கிடைக்கும் மணித்தியாலங்களை எண்ணுங்கள்.

இனி விசா. இலங்கைக் கடவுச்சீட்டுக்குச் சிங்கப்பூருக்குக் குறுகிய வருகைக்கு முன்கூட்டிய விசா வேண்டாம், மலேசியாவுக்கு இ-விசா வேண்டும். இதையும் ஆளுக்கு ஆள் கூட்டுங்கள், ஏனென்றால் மலேசியாவைத் தொடாத பயணத்தில் அந்தச் செலவே இல்லை. 'நாங்கள் இறங்க மாட்டோம், கப்பலிலேயே இருப்போம்' என்ற பேச்சு ஏறும் இடத்தில் செல்லாமல் போகலாம். விசா இல்லாதவரை ஏற்றாமல் விட நிறுவனத்துக்கு உரிமை உண்டு, காசும் திரும்பாது. விதிகள் மாறுகிறவை, ஆகவே பணம் கட்டும் முன் அந்தந்த நாட்டுக் குடிவரவுத் தளத்தில் பாருங்கள். சிங்கப்பூர் வருகை அட்டை இலவசம். விமானத்தில் வரும்போது ஒன்று, கப்பலில் திரும்பி வரும்போது மறுபடி ஒன்று.

ஹட்டன், அதே ஆசிரியை: எங்களுக்கு ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறையில்தான் போகலாம்.

அது உங்களுக்கு நல்லதுதான். சிங்கப்பூரில் பெரிய பள்ளி விடுமுறை ஜூனிலும், நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முடியும் வரையும். மார்ச்சிலும் செப்டெம்பரிலும் ஒரு வாரம். நம் ஏப்ரலும் ஆகஸ்டும் அதற்கு வெளியே விழுகின்றன. டிசம்பரைத் தவிர்த்தாலே கட்டணமும் நெரிசலும் குறையும். ஏப்ரலில் பெரிய வெள்ளியை ஒட்டிய வார இறுதியை மட்டும் விலக்குங்கள். ஆகஸ்டில் சில நிறுவனங்களின் பெரிய கப்பல்கள் வேறு கடலுக்குப் போயிருக்கும், ஒப்பிடக் கப்பலே குறைவாக இருக்கலாம். கிழமையும் பாருங்கள்: வெள்ளிக்கிழமை ஏறும் மூன்று இரவுப் பயணத்தைவிட, திங்கட்கிழமை ஏறும் நாலு இரவு பல தடவை மொத்தத்திலேயே மலிவு.

கண்டி: 'கெரண்டி' கெபின் 60 டொலர் குறைவு. எடுக்கலாமா?

வகை மட்டும் உறுதி, எந்த அறை என்பதை அவர்கள் தருவார்கள், மாற்றித் தர மாட்டார்கள். வயதானவர், தலைசுற்றல் உள்ளவர், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கெபின் வேண்டியவர் எடுக்க வேண்டாம். மற்றவர்கள் எடுக்கலாம்.

அறையை நீங்களே தெரிவு செய்வதானால் தளவரைபடத்தில் மேல் தளத்தையும் கீழ்த் தளத்தையும் சேர்த்துப் பாருங்கள். மேலும் கீழும் கெபின்களே உள்ள அறை அமைதியானது. மேலே நீச்சல் தடாகம் இருந்தால் விடியற்காலையில் சாய்கதிரைகளை இழுக்கும் சத்தம் கூரை வழியே வரும். கீழே நாடக அரங்கு இருந்தால் நள்ளிரவு வரை தாளம். முன்பக்கக் கீழ்த் தளத்தில் நங்கூரச் சங்கிலி இறங்கும்போது கட்டிலே அதிரும். ஆட்டம் குறைந்த இடம் கப்பலின் நடுப்பகுதி, கீழ்த் தளங்கள். 'கடல் காட்சி' என்று வாங்கும்போது 'மறைக்கப்பட்ட காட்சி' என்ற சிறு எழுத்து இருக்கிறதா பாருங்கள். யன்னலுக்கு முன்னால் உயிர்காப்புப் படகு தொங்கும். விலைக் குறைவுக்குக் காரணம் அதுதான்.

மஸ்கெலியா: குடிவகைப் பொதி, வைஃபை எல்லாம் கூட்ட வேண்டுமா?

பாவிப்பதானால் மட்டும். பல நிறுவனங்களில் ஒருவர் மதுப் பொதி எடுத்தால் அதே கெபினில் உள்ள மற்றப் பெரியவரும் எடுக்க வேண்டும், அதற்கு மேல் 18 சதவீத அளவில் சேவைக் கட்டணம். வைஃபை கருவிக்கு, நாளுக்கு என்று கணக்கு. பஃபேயில் தண்ணீர், தேநீர், கோப்பி இலவசம். தேநீர் என்றால் டிப் பைதான்; நம் ஆட்களுக்கு அது இறங்காது. ஒரு பி.ஓ.பி.எப். தேயிலைத்தூள் பக்கெட்டைப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள், சுடுதண்ணீர் அங்கேயே கிடைக்கும். கேத்தல் கொண்டு போகாதீர்கள், பெட்டிச் சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள்.

பதுளை: ஏஜென்ட் ரூபாவில் ஒரே தொகையாகச் சொல்கிறார்.

பிரித்துக் கேளுங்கள்: கட்டணம், வரி, சேவைக் கட்டணம், அவருடைய கூலி, எந்த நாளின் எந்த டொலர் விலை. இவ்வளவையும் எழுத்தில் தராதவரிடம் முற்பணம் கொடுக்க வேண்டாம். பணம் கட்டியதும் கப்பல் நிறுவனத்தின் பதிவு இலக்கத்தை வாங்கி, நிறுவனத்தின் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி இருக்க வேண்டும். தகப்பன் பெயரும் சொந்தப் பெயரும் இடம் மாறிக் கிடப்பது நம் ஊர்ப் பதிவுகளில் அடிக்கடி நடக்கிறது, திருத்தக் காசு கேட்கலாம்.

முற்பணம் திரும்பும் வகையா, திரும்பாத வகையா என்பதையும் கேளுங்கள். மிச்சத் தொகையைப் பெரும்பாலும் பயணத்துக்கு 75 முதல் 90 நாளைக்கு முன் கட்ட வேண்டும். அதற்குள் விலை இறங்கினால் புதிய விலைக்கு மாற்றித் தரச் சொல்லலாம். பிறகு கேட்டுப் பயனில்லை. இரண்டு கப்பலும் சமமாகத் தெரிந்தால் திரும்பும் முற்பணம் உள்ளதை எடுங்கள்.

நானுஓயா: கப்பல் ஏறும் நாள் காலையிலேயே சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தால் ஹோட்டல் காசு மிச்சம்தானே?

வேண்டாம். கப்பலின் பதிவு மேசை புறப்படும் நேரத்துக்கு முன்னதாகவே மூடிவிடும், விமானம் பிந்தியது என்பதை அவர்கள் காரணமாக எடுக்க மாட்டார்கள். நம் பக்கத்திலிருந்து கட்டுநாயக்க போகவே ஐந்து, ஆறு மணி நேரம். மழைக்காலத்தில் மண்சரிவு ஒன்று போதும், பாதை மூடிவிடும். 2025 நவம்பர் டித்வா புயலில் ரயில் பாதையும் வீதியும் சேர்ந்தே போனதைப் பார்த்தோம். விமானத்துக்கு முதல் நாளே நீர்கொழும்பு பக்கம் வந்து தங்கி, கப்பலுக்கு முதல் நாள் சிங்கப்பூரில் இருங்கள். இந்த இரண்டு இரவுச் செலவையும் இரண்டு கப்பலின் கணக்கிலும் போடுங்கள். ஒரு கப்பல் சனிக்கிழமையும் மற்றது செவ்வாயும் கிளம்பினால் அந்த ஹோட்டல் வாடகையும் விமானக் கட்டணமும் வேறாகத்தான் இருக்கும். சில நேரம் கப்பல் விலையில் தேடிய மிச்சம் அங்கேதான் கிடக்கும்.