அண்ணத்துக்குள்ள படுத்துக்கிட்ட கோரைப்பல்: பிடுங்கவா, இழுக்கவா?

அண்ணாச்சி, மகளுக்கு 14 வயசு, மேல் கோரைப்பல் அண்ணத்துப் பக்கம் படுத்துக்கிடக்கு, பால்பல் விழலை, ஒரு டாக்டர் பிடுங்கச் சொல்லுதார்னு எழுதியிருக்கீங்க. அவசரப்படாதீங்க.

முதல்ல சிபிசிடி ஸ்கேன், அதாவது தாடையை முப்பரிமாணத்துல காட்டுற எக்ஸ்ரே. ஓபிஜிங்கிற முழுத்தாடை எக்ஸ்ரே வெறும் தட்டைப் படம். முன்பல் வேரை இந்தப் பல் அரிக்குதான்னு அதுல சரியா தெரியாது. அந்த அரிப்புக்கு வலியே இருக்காது, அதான் வில்லங்கம்.

பால்பல்லை மட்டும் எடுத்துட்டுக் காத்திருக்கது 10-13 வயசு வைத்தியம். இப்ப கிளிப் போட்டு 8 மி.மீ. அளவுக்கு இடம் உண்டாக்கணும். பிறகு ஈறைத் திறந்து, பல்லுல பட்டன்ங்கிற சின்னக் கொக்கி ஒட்டி, சங்கிலி கட்டி இழுப்பாங்க. 60 கிராம் விசை போதும். முதல்ல முன்பல் வேரைவிட்டு விலக்கணும், அப்புறம்தான் வரிசைக்கு. நேரா இழுத்தா வேர் போச்சு.

மாசக்கணக்கா இழுத்தும் கோரைப்பல் அசையாம, பக்கத்துப் பற்கள் ஈறுப் பக்கமா மேலே ஏறுனா, கோரைப்பல் எலும்போட ஒட்டியிருக்கலாம். அப்ப பிடுங்குறதைப் பேசலாம்.

ஒன்றரை முதல் இரண்டரை வருசம் ஆகும். தென்காசியிலிருந்து பாளையங்கோட்டைக்கு மாசாமாசம் வரணும், தோதைப் பாத்துக்கோங்க. பனங்கிழங்கும் கருப்பட்டி மிட்டாயும் அதுவரை வேண்டாம். ஈறுக்குள்ள பட்டன் கழண்டா மறுபடி கத்திதான்.