பிலிப்பைன்ஸ்ல மார்மன் மிஷனரியா இருந்தேன், கேளுங்க சொல்றேன்

வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சுல கருப்பு பேட்ஜ், ரெண்டு ரெண்டு பேரா தெருத்தெருவா நடக்கற பசங்கள படத்துலயாச்சும் பாத்திருப்பீங்க. அவங்கள்ல ஒருத்தனா, 'எல்டர்'னு கூப்பிடற ஆண் மிஷனரியா, ரெண்டு வருஷம் இருந்தவன் நான். ஊர் சென்னை, ஊழியம் பண்ணது பிலிப்பைன்ஸ்ல, லூசான் தீவுல பங்கசினான் மாகாணம். 2024ல திரும்பி வந்தேன். சபையோட சரியான பேரு பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை, முழுப் பேரையே சொல்லுங்கன்னு 2018ல அப்ப தலைவரா இருந்த ரசல் நெல்சன் கேட்டுக்கிட்டார். வெளில நிறைய பேருக்கு மார்மன்னு சொன்னாதான் புரியும்ங்கறதால தலைப்புல அப்படிப் போட்டேன். வந்த கேள்விகளுக்கு ஒண்ணொண்ணா பதில் சொல்றேன்.

கேள்வி: ப்ரோ, காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் அப்படி என்னதான் பண்ணுவீங்க?

6:30க்கு எந்திரிக்கணும். ஜெபம், அரை மணி நேரம் உடற்பயிற்சி, அப்புறம் வாளியும் கப்பும் வச்சு குளியல், டிபன். 8 மணிக்கு உக்காந்தா சுமார் ரெண்டு மணி நேரம் படிப்பு, மொதல்ல தனியா, அப்புறம் கூட இருக்கறவரோட சேர்ந்து, புதுசா வந்தவங்கன்னா மொழிப் படிப்பும் உண்டு. 10 மணி வாக்குல வெளிய கிளம்புனா ராத்திரி 9 மணிக்குள்ள ரூமுக்கு வந்துடணும், மறுநாளுக்கு பிளான் போட்டுட்டு 10:30க்கு லைட் ஆஃப். அந்தந்த ஊருக்குத் தகுந்தாப்ல மிஷன் பிரசிடென்ட், அதாவது அந்த வட்டார மிஷனரிகளுக்கெல்லாம் பொறுப்பாளர், இதை முன்ன பின்ன மாத்துவாரு.

பேப்பர்ல பாத்தா அவ்ளோதான். நேர்ல எப்படின்னா, நேத்து "வாங்க எல்டர், நாளைக்கு மூணு மணிக்கு வீட்லதான் இருப்பேன்"னு சிரிச்சிக்கிட்டே சொன்னவங்க வீட்டுக்கு வெயில்ல அரை மணி நேரம் நடந்து போய் கேட்டுக்கு வெளிய நின்னு "தாவோ போ!"ன்னு குரல் குடுப்போம் (அங்க யார் வீட்டுக்குப் போனாலும் அப்படித்தான் கூப்பிடணும்), உள்ளேர்ந்து நாய் மட்டும் குரைக்கும். சரின்னு அடுத்த வீடு, அதுவும் இல்லன்னா அதுக்கடுத்த வீடு. ஒரு நாள் முழுக்க நடந்துட்டு ஒருத்தர்கிட்ட கூட பத்து நிமிஷம் உக்காந்து பேசாம திரும்பின நாள் எல்லாருக்குமே உண்டு.

போதிக்கறது மட்டும் இல்ல, கைவேலையும் நிறைய. அறுப்பு முடிஞ்சா அங்கயும் நெல்ல தார் ரோட்டுல பாதிய அடைச்சு காயப் போடுவாங்க. ஒரு மத்தியானம் பைபிள் வசனம் வாசிச்சிட்டு இருக்கோம், வானம் கருத்துடுச்சு, அந்த வீட்டுப் பாட்டி பேச்ச பாதில விட்டுட்டு ரோட்டுக்கு ஓடுறாங்க, நாங்களும் பின்னாடியே ஓடுனோம். மரப்பலகைல நெல்லத் தள்ளிக் குவிச்சு, ஒருத்தன் சாக்கு வாயப் பிடிக்க ஒருத்தன் அள்ளிப் போட, கடைசி ரெண்டு மூட்டை கட்டறதுக்குள்ள மழை கொட்டிடுச்சு. டை, சட்டை, தலை எல்லாம் உமி, அரிப்புன்னா அப்படி ஒரு அரிப்பு. அன்னிக்கு பாடத்த முடிக்கவே இல்ல. ஆனா அதுக்கப்புறம் அந்தத் தெருவுல ஒரு கேட்டும் எங்களுக்கு மூடியிருந்தது கிடையாது.

கேள்வி: கம்பானியன்னு ஒருத்தர் 24 மணி நேரமும் கூடவே இருப்பாராமே, நெசமா? சண்டை வராதா?

நெசம்தான் அண்ணா. பாத்ரூம் தவிர மத்த நேரம் ஒருத்தர் கண்ணுல ஒருத்தர் படணும், குரல் கேக்கற தூரத்துல இருக்கணும். நம்மளா தேர்ந்தெடுக்க முடியாது, மிஷன் பிரசிடென்ட்தான் போடுவாரு. ஆறு வாரத்துக்கு ஒரு தடவ டிரான்ஸ்ஃபர் வரும், அதுல கம்பானியன் மாறலாம், ஊர் மாறலாம், எதுவும் மாறாமலும் போகலாம். புதுசா வர்றவங்களுக்கு முதல் ரெண்டு டிரான்ஸ்ஃபர், அதாவது 12 வாரம், ட்ரெய்னர்னு ஒரு சீனியர் கூட இருப்பாரு.

சண்டை வராம எப்படி இருக்கும்? ஒருத்தன் பாத்திரம் கழுவ மாட்டான், ஒருத்தன் ஷூ போடவே இருபது நிமிஷம் எடுத்துப்பான். வாரத்துக்கு ஒரு நாள் ரெண்டு பேரும் உக்காந்து மனசுல இருக்கறத சொல்லிக்கணும்னு ஒரு வழக்கம் இருக்கு, என்னைக் கேட்டா மிஷன்ல இருக்கறதுலயே உருப்படியான வழக்கம் அதுதான். செபு தீவுலேர்ந்து வந்த ஒரு பையன் என்கூட இருந்தான், அவங்க அப்பா மீனவர், பேச்சே ரொம்பக் கம்மி. எனக்கு டெங்கு வந்தப்ப ராத்திரி முழுக்க முழிச்சிருந்து ஈரத்துணி மாத்தி மாத்தி வச்சான், ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவ எழுப்பி தண்ணி குடிக்க வச்சான். மிஷன்னாலே எனக்கு மொதல்ல ஞாபகம் வர்றது அவன்தான். அடுத்தவங்களுக்கு அன்பப் பத்தி சொல்லிக் குடுக்கப் போறோம்னு கிளம்பறோம், கூட இருக்கறவன கவனிச்சுக்கத் தெரியலன்னா அந்தப் பாடத்துக்கு அர்த்தமே இல்ல.

கேள்வி: இந்தியரா இருந்ததால அங்க ஜனங்க எப்படி நடத்துனாங்க?

நல்ல கேள்வி, இதை யாரும் முன்னாடியே சொல்லித் தர மாட்டாங்க. பிலிப்பைன்ஸ்ல இந்தியர்களைப் பொதுவா 'பும்பாய்'னு கூப்பிடுவாங்க. பல ஊர்கள்ல பஞ்சாபிக்காரங்க பைக்ல வந்து சின்னக் கடைக்காரங்களுக்கும் சந்தையில விக்கறவங்களுக்கும் வட்டிக்கு காசு குடுத்து தினமும் வசூல் பண்ற தொழில்ல இருக்காங்க. 'ஃபைவ் சிக்ஸ்'னு பேரு, அஞ்சு வாங்கினா ஆறு திருப்பணும், அதாவது 20 சதவீதம். அதனால என் மொகத்தப் பாத்ததும் வசூலுக்கு ஆள் வந்துடுச்சுன்னு நினைச்சு அம்மா வீட்டுல இல்லன்னு பிள்ளைங்கள விட்டு சொல்லச் சொல்வாங்க. சேட்டை பண்ற குழந்தைய பும்பாய்கிட்ட பிடிச்சுக் குடுத்துடுவேன்னு மிரட்டுற பழக்கமும் உண்டு, சில குழந்தைங்க என்னைப் பாத்ததும் அழுதுடும்.

மொதல்ல மனசு கஷ்டப்பட்டுச்சு. அப்புறம் நானே பேட்ஜ காட்டி, அந்த ஊர் மொழி தகாலோக்ல வணக்கம் சொல்லி, பெரியவங்க இருந்தா அவங்க கையப் பிடிச்சு நெத்தில ஒத்திப்பேன், அதுக்கு 'மானோ'ன்னு பேரு. அதப் பண்ணின அடுத்த நிமிஷம் நாற்காலி எடுத்துப் போடுவாங்க. அவங்க அளவுக்கு விருந்தோம்புற ஜனங்கள நான் வேற எங்கயும் பாக்கல.

கேள்வி: மொழி எப்படி கத்துக்கிட்டீங்க?

மணிலா பக்கத்துல கேசோன் சிட்டில ட்ரெய்னிங் சென்டர் இருக்கு, எதிர்லயே 1984ல திறந்த மணிலா ஆலயம். அங்க சில வாரம் தகாலோக் கத்துக் குடுப்பாங்க. அப்புறம் கிராமத்துக்குப் போனா பாட்டிங்க இலோக்கானோ பேசுவாங்க, பக்கத்து ஊர்ல பங்கசினான் மொழி. பசங்ககூட பேசிப் பேசித்தான் வாய் திரும்பும், வேற வழியே கிடையாது.

கேள்வி: சாப்பாடு? நான் சைவம், சமாளிக்க முடியுமா?

கஷ்டம்தான் தம்பி, பொய் சொல்ல விரும்பல. மூணு வேளையும் சோறு உண்டு, ஆனா கூட வர்றது எல்லாம் மீன், கோழி, பன்னி. காய்கறின்னு பாத்தா 'பினாக்பெத்'னு ஒண்ணு, பாகக்காய், கத்திரிக்கா, வெண்டக்கா, பூசணி எல்லாம் போட்டு பண்ணுவாங்க, பாத்ததும் கண்ணு கலங்கும், ஆனா அதுலயும் 'பாகோங்'னு மீனோ கூனியோ உப்புல ஊற வச்ச விழுது சேப்பாங்க. அசைவம் சாப்பிடறவங்களுக்கு சொர்க்கம், பங்கசினான்ல இருக்கற டகூப்பான் ஊரு பால்மீன் நாடு முழுக்க பேர் போனது. 'டினோலா'ன்னு இஞ்சி போட்ட கோழி சூப்ல முருங்கக்கீரை கிள்ளிப் போடுவாங்க, மொத வாய் வச்சதும் எங்க ஆயா ஞாபகம் வந்துடுச்சு. கலாசியாவோ ஊர்ல அரிசி மாவப் புளிக்க வச்சு ஆவில வேக வச்ச 'புத்தோ' விப்பாங்க, நம்ம மினி இட்லிய இனிப்பா பண்ணின மாதிரி இருக்கும்.

டீ, காபி, மது, சிகரெட் எதுவும் எங்களுக்குக் கிடையாது. மாசத்தோட முதல் ஞாயிறு ரெண்டு வேளை உபவாசம்.

கேள்வி: வீட்டுக்கு போன் பண்ண விடுவாங்களா? எங்க அக்கா பையன் போறான், அக்கா ரொம்ப பயப்படறாங்க.

இப்ப விடுவாங்க, அக்காகிட்ட பயப்பட வேண்டாம்னு சொல்லுங்க. முன்னாடி வருஷத்துக்கு ரெண்டே தடவதான், கிறிஸ்துமசுக்கும் அன்னையர் தினத்துக்கும், மத்தபடி வாராவாரம் ஈமெயில். 2019 பிப்ரவரிலேர்ந்து வாரத்துக்கு ஒரு தடவ போன்லயோ வீடியோ கால்லயோ பேசலாம். அதுக்குன்னு பி-டேன்னு ஒரு நாள் இருக்கு, பெரும்பாலும் திங்கக்கிழமை, துணி துவைக்க, சாமான் வாங்க, முடி வெட்ட, பந்து விளையாட எல்லாம் அன்னிக்குதான். எங்க அம்மா திங்கக்கிழமை ஆனா காலைலேர்ந்து போனக் கைலயே வச்சிட்டு இருப்பாங்களாம். அக்காகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லுங்க, போன்ல அவன் முன்னாடி அழ வேணாம், அழுதா அந்த வாரம் பூரா அவனுக்கு எதுவும் ஓடாது.

கேள்வி: சம்பளம் எவ்ளோ வரும்?

சம்பளம் கிடையாது. நாமளோ குடும்பமோதான் மாசாமாசம் கட்டணும், அமெரிக்காலேர்ந்து போறவங்களுக்கு 2020 ஜூலைலேர்ந்து 500 டாலர். டோக்கியோவுக்குப் போனாலும் கிராமத்துக்குப் போனாலும் அதே தொகைதான், எல்லாம் ஒண்ணா சேர்ந்து பொதுவா செலவாகும். நம்ம மாதிரி நாட்டுக்காரங்களுக்கு வசதிக்கு ஏத்த மாதிரி, மீதி சபை நிதிலேர்ந்து வரும். வாடகையும் அதுலயே அடங்கிடும், சாப்பாட்டுக்கும், ட்ரைசிக்கிள் (நம்ம ஆட்டோ மாதிரி), ஜீப்னி (மினி பஸ் மாதிரி) செலவுக்கும் அளவா கைல குடுப்பாங்க.

கேள்வி: சுத்தி வளைக்காம கேக்கறேன், அடுத்தவன் மதத்த மாத்தறதுதானே இந்த வேலை?

நானும் சுத்தி வளைக்காம சொல்றேன். ஆமா, சபைக்கு வாங்கன்னு கூப்பிடத்தான் போறோம், அதுல மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா காசு, அரிசி, வேலை எதையும் காட்டி கூப்பிடக் கூடாது. பாடம் எல்லாம் கேக்கணும், சபைக்கு வந்து பாக்கணும், சிகரெட்டு, குடி விடணும், அப்புறம் பாடம் எடுக்காத வேற ஒரு மிஷனரி தனியா உக்கார வச்சு விசாரிப்பாரு, அதுக்கப்புறம்தான் ஞானஸ்நானம். சின்னப் பிள்ளைங்களுக்கு அப்பா அம்மா சம்மதம் கட்டாயம்.

பிலிப்பைன்ஸ்ல பெரும்பாலானவங்க கத்தோலிக்கர், திருவிழா, மாதா சுரூபம், ஒம்பது நாள் ஜெபமான நொவேனான்னு வாழ்க்கையே அதோட பின்னியிருக்கும். ஒரு மக நம்ம சபைக்கு வரேன்னு சொல்றப்ப அவங்க அம்மா அழுதத நான் எதிர்ல உக்காந்து பாத்திருக்கேன். அந்த அழுகைய ஒதுக்கித் தள்ளிட்டு தேதி குறிக்கறது எனக்குச் சரியா படல. கொஞ்ச நாள் போகட்டும், அம்மாகூட பேசுங்கன்னு சொன்னோம், சொன்னதுதான் சரின்னு இன்னிக்கும் நினைக்கறேன். அவசரப்பட்டு தண்ணில இறக்குனவங்க ரெண்டு மாசத்துல சபைப் பக்கமே வர மாட்டாங்க, அதுல யாருக்கு என்ன நன்மை? போறதுக்கு முன்னாடி இருக்கற பசங்களுக்கு நான் திரும்பத் திரும்ப சொல்றது, எண்ணிக்கைய விடுங்க, ஆளப் பாருங்க.

கேள்வி: பாதியிலயே திரும்பி வர்றவங்க உண்டா?

உண்டு. உடம்பு சரியில்லாம, மனசு தாங்காம, வீட்டு நிலமையால. பதினெட்டு பத்தொம்பது வயசு, முன்ன பின்ன வீட்ட விட்டுப் போனதே இல்லாத பிள்ளைங்க, தினமும் முடியாது முடியாதுன்னு கேட்டுக்கிட்டே நடக்கறாங்க, யாருக்கா இருந்தாலும் ஒரு கட்டத்துல உடையும். இப்ப மிஷன்ல மனநல ஆலோசகர்கிட்ட பேசற வசதி இருக்கு, தயங்காம கேளுங்க. வீட்டுலேர்ந்தே போய் வந்து பண்ற சர்வீஸ் மிஷனும் இருக்கு. சீக்கிரம் திரும்பின பிள்ளைய "ஏன் வந்துட்ட"ன்னு கேக்கற சொந்தக்காரங்க இருக்காங்க, தயவுசெஞ்சு அதை நிறுத்துங்க. போயிட்டு வந்தியா, சாப்பிட்டியான்னு கேளுங்க போதும்.

கேள்வி: பொண்ணுங்களும் போறாங்களா?

தாராளமா. ஆம்பளைங்களுக்கு 24 மாசம், சிஸ்டர்ஸுக்கு 18 மாசம். 2012ல பசங்க போறதுக்கான குறைஞ்ச வயசு 19லேர்ந்து 18 ஆச்சு, பொண்ணுங்களோடது 21லேர்ந்து 19, அதையும் 2025 கடைசில 18 ஆக்கிட்டாங்க. எங்க ஏரியால சிஸ்டர்ஸ் பேச்சத்தான் ஜனங்க அதிகமா காது குடுத்துக் கேப்பாங்க.

கேள்வி: என் தங்கச்சிக்கு மிஷனுக்கு பிலிப்பைன்ஸ்தான் வந்திருக்கு அண்ணா. பெட்டில என்ன வச்சு அனுப்பறது?

வாழ்த்துக்கள்மா! மொதல்ல ஷூ, நல்ல அடி உள்ளதா ரெண்டு ஜோடி, ஒண்ணு நனைஞ்சா காயறதுக்கு ரெண்டு நாள் ஆகும். ஜூன்லேர்ந்து அக்டோபர் வரைக்கும் மழை, புயல், அதனால காத்துக்கு மடங்காத குடை ஒண்ணு, ரெயின்கோட் ஒண்ணு. புயல் சிக்னல் ஏத்திட்டாங்கன்னா ரூம விட்டு வெளிய வரக் கூடாது. கால்ல வெட்டுக்காயம் இருந்தா வெள்ளத் தண்ணில இறங்கவே வேணாம், எலிக்காய்ச்சல் வரும். நாய் கடிச்சா, பல்லு லேசா பட்டிருந்தா கூட, சோப்புப் போட்டு நல்லா கழுவிட்டு அன்னிக்கே ஊசி போட்டுக்கணும், அதுக்குன்னே அங்க தனி சென்டர் எல்லாம் இருக்கு. துணி பெரும்பாலும் கைலதான் துவைக்கணும், அதனால சீக்கிரம் காயற துணியா எடுத்து வைங்க. மறக்காம பருப்புத்தூள், சீரகம், மிளகு, பெருங்காயம் கொஞ்சம் வச்சு அனுப்புங்க, புளி அங்கயே கிடைக்கும், ரசம் வைக்கத் தெரியலன்னா கிளம்பறதுக்குள்ள கத்துக் குடுத்துடுங்க. தங்கச்சி எந்த மிஷன், எந்த மொழின்னு சொல்லுங்க, அந்தப் பக்கம் ஊழியம் பண்ணின சிஸ்டர் யாராவது இருந்தா பேசச் சொல்றேன்.