முந்நூறு சொற்கள் வேண்டாம், ஒரு கூஜா போதும்

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். கவின் கலைக் கல்லூரியில் சேர ஆசைப்படுகிறாள். நன்றாக வரைவாள். ஆனால், 'இதில் டோன் எங்கே, காம்போசிஷன் எப்படி' என்று யாராவது கேட்டால் விழிக்கிறாள். பயிற்சி நிலையம் ஒன்றில் முந்நூறு கலைச்சொற்கள் கொண்ட கையேட்டை விலைக்குக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். உண்மையில் எத்தனை சொற்கள் தெரிய வேண்டும்? தமிழ்வழியில் படித்தவள் என்பதும் எனக்குக் கவலையாக இருக்கிறது. - கரூர் வாசகி

பதில்: பன்னிரண்டு சொற்கள், மிஞ்சினால் பதினைந்து. அவற்றில் டோன் என்ற ஒன்றை உங்கள் மகள் கண்ணாலும் கையாலும் அறிந்துகொண்டால் மற்றவை பின்னாலேயே வந்துவிடும்.

கையேட்டை மூடி வையுங்கள். வீட்டில் பழைய பித்தளைக் கூஜா இருந்தால் எடுத்து ஜன்னல் ஓரமாக மேசைமேல் வையுங்கள். கூஜா இல்லாவிட்டால் கைப்பிடி உள்ள எந்தப் பாத்திரமும் ஆகும். பக்கத்தில் மட்டை உரிக்காத ஒரு தேங்காய். அறை விளக்கை அணைத்துவிடுங்கள். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். இப்படி அசையாப் பொருள்களை அடுக்கி வைத்து வரைவதுதான் ஸ்டில் லைஃப். ஒரு சொல் முடிந்தது.

இப்போது மகளைக் கண்களைச் சுருக்கிக்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். நுணுக்கங்கள் மங்கி, கூஜா வெளிச்சம், இருட்டு, நடுத்தரம் என்று பிரிந்து தெரியும். அந்தப் படிநிலைதான் டோன். பளிச்சென்று மின்னும் இடம் ஹைலைட். கூஜாவின் மேலேயே ஒளி படாமல் இருண்டிருக்கும் பகுதி ஒரு நிழல். மேசைமேல் கூஜா விழுத்தும் நிழல் வேறு, அதற்குப் பெயர் காஸ்ட் ஷேடோ. இருண்ட பக்கத்தின் ஓரத்தில் மேசையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் லேசாகத் தெரியும், அது ரிஃப்லெக்டட் லைட். பெரும்பாலான பிள்ளைகள் இதைப் பார்ப்பதே இல்லை. நிழல் என்றால் கறுப்பு என்று மிகக் கருமையாக எழுதும் 8பி பென்சிலை எடுத்து அப்பிவிடுகிறார்கள். கூஜா உருண்டையாக இருப்பதற்குப் பதிலாகத் தகரத்தில் வெட்டியதைப் போல நிற்கும்.

கூஜாவின் உடம்புக்கும் கைப்பிடிக்கும் நடுவில் உள்ள வெற்றிடத்தைக் காட்டி, அதன் வடிவத்தை மட்டும் வரையச் சொல்லுங்கள். அதுதான் நெகட்டிவ் ஸ்பேஸ். அந்த ஓட்டை சரியாக வந்தால் கைப்பிடியும் சரியாக வந்துவிடும். வழவழப்பான பித்தளை, நார் நாராகத் தேங்காய் மட்டை: இந்த வேறுபாடு டெக்ஸ்சர். தாளில் இவற்றை எங்கே, எவ்வளவு பெரிதாக வைப்பது என்ற முடிவு காம்போசிஷன். தாளின் மூலையில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு கூஜாவைப் போட்டுவிட்டு மீதியை வெறுமையாக விட்டால், மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும் படம் நிற்காது.

அடுத்தது பர்ஸ்பெக்டிவ், அதாவது பார்க்கும் இடத்தைப் பொறுத்துப் பொருளின் வடிவும் அளவும் மாறித் தெரிவது. கூஜாவின் வாய் வட்டம் என்று நமக்குத் தெரியும்; கண்ணுக்குத் தெரிவதோ நீள்வட்டம். கண் மட்டத்துக்குத் தூக்கினால் அது கோடாகவே சுருங்கிவிடும், கீழே இறக்க இறக்க விரியும். வாயைவிடக் கீழே இருப்பதால் அடிப்பகுதியின் வளைவு இன்னும் கூடுதலாகத் தெரிய வேண்டும். பிள்ளைகள் அங்கேதான் தட்டையாக ஒரு கோடு இழுத்துவிடுகிறார்கள். தூரத்தில் உள்ளது சிறிதாகும், இணைகோடுகள் நெருங்கிச் சேரும் என்பதும் இதே கணக்குதான்.

ஆனால் ஒரு விலக்கு உண்டு. இதை மட்டும் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நன்றாகப் படித்த பிள்ளைகளே இதில் சறுக்குகிறார்கள். தஞ்சாவூர் ஓவியம் ஒன்றைக் காட்டி 'இதில் பர்ஸ்பெக்டிவ் எப்படி இருக்கிறது?' என்று கேட்டால், 'தப்பாக இருக்கிறது' என்று பதில் வருகிறது. அங்கே நடுவில் இருக்கும் தெய்வம் பெரிதாகவும், சுற்றி நிற்பவர்கள் சிறிதாகவும் இருப்பது தூரத்தினால் அல்ல, முக்கியத்துவத்தினால். ராஜஸ்தான் சிற்றோவியங்களில் தரைவிரிப்பு மேலிருந்து பார்த்ததுபோல் விரிந்திருக்கும், அதன்மேல் உட்கார்ந்திருப்பவர் பக்கவாட்டில் தெரிவார். வரையத் தெரியாமல் செய்ததல்ல. விரிப்பின் பூவேலை முழுவதும் தெரிய வேண்டும், மனிதரின் முகமும் தெரிய வேண்டும் என்று செய்தது. முகலாய ஓவியர்களோ ஐரோப்பியச் செதுக்கோவியங்களை (தகட்டில் செதுக்கி அச்சிட்ட படங்களை) பார்த்த பிறகு பின்னணியில் மட்டும் தூரத்தைக் காட்டி, முன்னால் பழைய முறையையே வைத்துக்கொண்டார்கள். ஒரே படத்தில் இரண்டு கணக்கும் இருக்கும். ஆகவே 'தப்பு' என்ற சொல் உங்கள் மகள் வாயில் வரவே கூடாது. 'இங்கே அளவு தூரத்தைக் காட்டவில்லை, முக்கியத்துவத்தைக் காட்டுகிறது' என்று சொன்னால் போதும்.

நிறத்துக்குச் சில சொற்கள் போதும். முதன்மை நிறங்கள் சிவப்பு, மஞ்சள், நீலம். வெள்ளை சேர்த்து வெளுத்தால் டின்ட், கறுப்பு சேர்த்து இருட்டினால் ஷேட். நீலத்துக்கு ஆரஞ்சு, சிவப்புக்குப் பச்சை என்று நிறச் சக்கரத்தில் எதிரெதிரே நிற்பவை காம்ப்ளிமென்டரி நிறங்கள்.

இனி அந்தக் கையேட்டுக்கு வருகிறேன். இத்தகைய கையேடுகள் ஒன்றைப் பார்த்து ஒன்று நகலெடுத்தவை. அஜந்தா ஓவியங்கள் ஃப்ரெஸ்கோ என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். இருந்தால் தூக்கிப் போடுங்கள். ஃப்ரெஸ்கோ என்பது சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே வண்ணம் தீட்டுவது. அஜந்தாவில் பூச்சு காய்ந்த பிறகு பசை கலந்த வண்ணத்தைத் தீட்டினார்கள், அது டெம்பரா. ஃப்ரெஸ்கோவுக்கு உதாரணம் கேட்டால் தஞ்சைப் பெரிய கோயிலின் உள் திருச்சுற்றில் 1931இல் வெளிச்சத்துக்கு வந்த சோழர் ஓவியங்களைச் சொல்லட்டும்.

கையேட்டைவிடப் பெரிய ஆபத்து, அதே பயிற்சி நிலையங்கள் தயாரித்துத் தரும் போர்ட்ஃபோலியோ, அதாவது தேர்வாளர்களிடம் காட்டும் படத் தொகுப்பு. புகைப்படத்தின் மேல் கட்டம் போட்டு நகலெடுத்த நடிகர் முகங்கள், டிஷ்யூ தாளால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய கன்னங்கள், கடைசியில் ஆசிரியரே உட்கார்ந்து சரிசெய்த கண்கள். எல்லாப் பிள்ளைகளின் படமும் ஒரே கையால் வரைந்ததுபோல் இருக்கும். தேர்வாளர்களுக்கு அது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். கட்டணம் வாங்கிக்கொண்டு எல்லோருக்கும் பரிசு தரும் ஓவியப் போட்டிகளின் சான்றிதழ்களையும் கோப்பில் செருகாதீர்கள். 'உள்ளே ஆள் இருக்கிறது, சீட் வாங்கித் தருகிறேன்' என்று எவராவது வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள், காசு கொடுக்காதீர்கள். பிள்ளைக்கு இடம் கிடைத்தால் 'என்னால்தான்' என்பார். கிடைக்காவிட்டால் கைப்பேசியை அணைத்துவிடுவார். இதுதான் அந்தத் தொழிலின் முழு நுட்பம். விண்ணப்பமும் கட்டணமும் நேராகக் கல்லூரியோடு மட்டும் இருக்கட்டும்.

இவர்கள் எல்லாம் எப்படிப் பிழைக்கிறார்கள்? பள்ளியில் ஓவிய வகுப்பு என்பது கணக்கு ஆசிரியர் கடன் வாங்கித் திருப்பித் தராத பீரியடாகிவிட்டது. 2012இல் அரசுப் பள்ளிகளுக்குப் பகுதிநேரமாக ஓவிய ஆசிரியர்களை எடுத்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்காகத் தெருவில் நிற்க வேண்டியிருந்தது. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளிதான் இன்றைய சென்னைக் கவின் கலைக் கல்லூரி என்று மேடையில் பெருமை பேசுவோம். அங்கே போய்ச் சேர வேண்டிய பிள்ளைக்கு நெகட்டிவ் ஸ்பேஸ் என்றால் என்ன என்று ஆறாம் வகுப்பில் சொல்ல ஆள் வைக்க மாட்டோம். பிறகு பிளஸ் டூவில் கையேடு விற்பவர் வராமல் என்ன செய்வார்?

தமிழ்வழி பற்றி: நம் அரசுக் கல்லூரிகளில் தமிழில் பேசத் தயங்கவே வேண்டாம். சொல் நினைவுக்கு வராவிட்டால் பார்த்ததைச் சொல்லட்டும். 'இந்தப் பக்கம் வெளிச்சம் நேராகப் படவில்லை, மேசையிலிருந்து திரும்பி வருகிறது' என்று விரலால் காட்டினால் அது முழுமையான பதில். ரிஃப்லெக்டட் லைட் என்று ஒப்பித்துவிட்டு எங்கே என்று காட்டத் தெரியாமல் நிற்பவர்களைத்தான் மேலும் மேலும் கேள்வி கேட்பார்கள்.

வரைதல் தேர்வுக்கு எச்பி, 2பி, 6பி மூன்று பென்சில்கள் போதும். முந்தின இரவே சீவி வைக்கட்டும், ஷார்ப்னரால் அல்ல, பிளேடால். முனை நீளமாக இருந்தால்தான் பென்சிலைச் சாய்த்து டோன் போட முடியும்.