சீரியல் நடிகரின் பதிலை எதை வைத்து நம்புவது?

கேள்வி: பிடித்த சீரியல் நடிகர் ஒருவர் இன்ஸ்டாகிராமில் அவ்வப்போது ரசிகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். அதெல்லாம் மனசிலிருந்து வருவதா, ஒப்புக்குச் சொல்வதா?

பாதிக்கு மேல் ஒப்புக்குத்தான். அதில் தப்பொன்றும் இல்லை. முகத்தில் மேக்கப் ஏறிக்கொண்டிருக்கும்போது ஒரு கையில் போனைப் பிடித்துப் பதில் தட்டுகிற மனிதரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? ஆனால் மீதியில் நல்ல சரக்கு இருக்கும். அதைப் பிரித்தெடுக்க நாங்கள் ஒரு வழி வைத்திருக்கிறோம். எந்தப் பதிலைச் சொன்னால் அவருடைய பவுசு கொஞ்சம் குறையுமோ, அதை நம்பலாம்.

நாங்கள் என்றால் மதுரை செல்லூரில் ஒரே வாசலுக்குள் வரிசையாகக் குடித்தனம் இருக்கிற ஒரு காம்பவுண்ட். வீட்டுச் சொந்தக்கார அத்தை, விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் நிற்கிற மதினி, கல்லூரியில் படிக்கிற பின்வீட்டுப் பாப்பா, ரவிக்கை தைத்துக் கொடுக்கிற நான். அத்தையின் வீட்டுக்காரர், எங்களுக்கு மாமா, ஆட்டோ ஓட்டுகிறார். சீரியல் என்றாலே அவருக்கு ஆகாது. ஆனால் அந்த நேரத்துக்குச் சரியாகச் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்.

நடிகர் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் இதற்குக் கீழே அவரைப் பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும் கட்டிப் புரளுவார்கள். கூட்டுக்குடும்பக் கதை, மூத்த மகன் வேடம், ராத்திரி ஓடுகிற சீரியல். இவ்வளவு போதும்.

அவர் ஸ்டோரியில் கேள்விப் பெட்டி போட்டதும் பாப்பாதான் ஓடிவருவாள். அந்தப் பெட்டியில் நீட்டி முழக்க முடியாது, அதனால் அத்தை சொல்கிற ஒரு பக்கக் கேள்வியை அவள் ஒரு வரியாகச் சுருக்கி அனுப்புவாள். பதில் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாக வேண்டும். இதில் ஒரு வம்பும் உண்டு. அவர் பதில் போடும்போது கேட்டவர் பெயர் வெளியே தெரியாது. எங்கள் கேள்வி ஒன்றை அடுத்த தெருவில் ஒருத்தி தன் கேள்வி என்று சொல்லித் திரிந்தாள். அன்றிலிருந்து கேள்வி அனுப்பும்போதே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துவிடுகிறாள் பாப்பா.

முதலில் ஒப்புக்குச் சொல்லும் பதில். "மதுரைக்கு எப்ப வருவீங்க?" என்று மதினி கேட்டாள். மீனாட்சியம்மனைக் கும்பிட்டுவிட்டு ஒரு ஜிகர்தண்டா குடிக்க வேண்டும், சீக்கிரம் வருகிறேன், மதுரை மக்களின் பாசமே தனி என்று பதில் வந்தது. மதினிக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றே ஸ்டேட்டஸ் வைத்தாள். ராத்திரி பாப்பாவின் தோழி திருநெல்வேலியிலிருந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். நெல்லையப்பரைக் கும்பிட வேண்டும், அல்வா சாப்பிட வேண்டும், நெல்லை மக்களின் பாசமே தனி.

"ஊருக்கு ஒரு சாமி, ஊருக்கு ஒரு தின்பண்டம். ஓட்டுக் கேக்க வர்றவன் மேடையில பேசுற மாதிரியில்ல இருக்கு" என்றார் அத்தை. மதினி ஸ்டேட்டஸை எடுக்கவில்லை. அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது: "பொய்யா இருந்தா என்ன, நம்ம ஊர்ப் பேரை எழுதினார்ல?"

"சாப்பிட்டாச்சா?", "ஒரு ஹாய் சொல்லுங்க", "உங்க ஜோடி நிஜத்துலயும் உங்களுக்குப் பிரண்டா?" போன்ற கேள்விகளுக்கு வருகிற பதில்களும் இந்த ரகம்தான். படித்துச் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

இனி நம்பக்கூடிய பதில். அந்த சீரியலில் வாரத்துக்கு ஒருமுறையாவது குடும்பமே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிற காட்சி வரும். அந்த நேரம் பார்த்துத்தான் யாராவது குண்டைத் தூக்கிப் போடுவார்கள். அத்தைக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம்: இவர்கள் நிஜமாகவே சாப்பிடுகிறார்களா? பாப்பா கேட்டாள். இதற்கு மட்டும் அவர் ஒரு வரியில் முடிக்கவில்லை, நீளமாகவே எழுதிப் போட்டார்.

ஒரு சாப்பாட்டு சீனுக்கு அரை நாள் போய்விடுமாம். எல்லோரையும் சேர்த்து ஒருமுறை எடுத்துவிட்டு, பிறகு ஒவ்வொருவர் முகத்தையும் தனித்தனியாக எடுப்பார்கள். மேசையில் எட்டுப் பேர் இருந்தால் எட்டு முகத்துக்கும் ரியாக்‌ஷன் வேண்டுமே! ஒவ்வொரு முறையும் தட்டில் முன்பு இருந்த அளவுக்கே சோறும் சாம்பாரும் மறுபடி இருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு உதவி இயக்குநர் நிற்பார். சாம்பார் ஆறிப்போய் ஏடு கட்டியிருக்கும். அதனால் வெறுஞ்சோற்றில் ஓரமாக நாலு பருக்கை எடுத்து மென்றுகொண்டே இருப்பாராம். அண்ணன் தம்பி பாசத்தில் ஊட்டிவிடுகிற சீனில் மட்டும் தப்பிக்க முடியாது, டேக் எத்தனையோ அத்தனை வாய் என்றார்.

இதைச் சொல்லாமல் மழுப்பியிருக்கலாம். "எங்க செட்டு சாப்பாடு வீட்டுச் சாப்பாடு மாதிரி" என்று ஒரு வரி எழுதியிருந்தால் ஜனங்களுக்கு இன்னும் பிடித்திருக்கும். கைநிறையச் சோற்றைப் பிசைந்து அவர் சாப்பிடுகிற அழகுக்கே இங்கே ரசிகைகள் உண்டு. அதைத் தானே உடைத்துப் போட்டார் பாருங்கள், அதைத்தான் சொல்கிறேன்.

அப்புறம் எங்கள் காம்பவுண்டில் கதை பார்ப்பது போய்த் தட்டுப் பார்ப்பது ஆரம்பமானது. மாமியார் பேசும்போது உடைந்திருந்த அப்பளம் மருமகள் அழும்போது முழுசாக இருந்தது. கண்டுபிடித்தவர் மாமா. நிமிர்ந்து பார்க்காமல் சாப்பிடுகிறவர் எப்படிப் பார்த்தார் என்று அத்தை கேட்டதற்கு, ரசம் ஊற்று என்றார்.

பதில் சொல்லாமல் விடுவதும் ஒரு பதில்தான் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. நடுவில் அவர் சில வாரம் கதையில் வரவில்லை. தொழில் விஷயமாக வெளியூர் போயிருக்கிறார் என்று வசனத்திலேயே ஒப்பேற்றினார்கள். சீரியல் பார்க்கிறவர்களுக்கு இது தெரிந்த நாடகம். வெளியூர் போனவர் திரும்பி வரும்போது வேறு முகத்தோடு வருவார், கீழே "இனி இவருக்குப் பதில் இவர்" என்று ஒரு வரி ஓடும். "விலகுறீங்களா?" என்று ஊரே கேட்டது. அவர் போட்டது ஒரு கும்பிடு எமோஜி பொம்மை மட்டும்.

மதினி ஒரே பிடியாக நின்றாள். விலகவில்லை என்றால் இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அந்தக் கும்பிடே விடைபெறுகிற கும்பிடுதான் என்றாள். வியாழக்கிழமை டிஆர்பி பட்டியல் வந்தபோது சீரியல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அதையும் சேர்த்துப் பேசினாள். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. கதையை வெளியே சொல்லக் கூடாது என்று சேனலோடு எழுதிக் கொடுத்திருப்பார்கள், இருக்கிறேன் என்றாலும் போகிறேன் என்றாலும் கதை வெளியே வந்துவிடுமே என்றார். எனக்கு அத்தை பக்கம்தான் நியாயம் பட்டது. இத்தனைக்கும் பல சீரியல்களில் சில நாளைக்குத் தேவையான எபிசோடுகள்தான் கையிருப்பில் இருக்கும். டிஆர்பி பார்த்துக் கதையைத் திருப்புகிற இடத்தில், அடுத்த மாதம் தான் இருப்போமா என்பது நடிகருக்கே தெரியாமலும் இருக்கலாம். கடைசியில் அதே முகத்தோடு ஊர் திரும்பினார். மதினி அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள்: "நாம கேட்டோம்ல, அதான் நிப்பாட்டி வச்சுட்டாங்க."

எனக்கு அவரிடம் மரியாதை வந்தது இன்னொரு பதிலால். எங்கள் பக்கத்துப் பேச்சு அவர் வாயில் அச்சாக வரும். "என்னத்தா", "அம்புட்டுத்தேன்", "வந்துட்டுப் போறாய்ங்க" என்று அவர் இழுக்கிற இழுப்பில் அத்தை சொக்கிப்போவார். நிச்சயம் உசிலம்பட்டிப் பக்கமாகத்தான் இருக்கும், இல்லாவிட்டால் திருமங்கலம் என்று ஊரையே முடிவு செய்து வைத்திருந்தார். யாரோ ஒரு ரசிகர் கேட்டார்: உங்கள் சொந்த ஊர் மதுரையா, பேச்சு அப்படியே இருக்கிறதே?

பதிலில் உள்ளது உள்ளபடி சொன்னார். தான் கர்நாடகத்துக்காரர். தமிழ் இப்போதுதான் பழகுகிறார். செட்டில் வசனத்தைக் கன்னடத்தில் எழுதிவைத்துத்தான் சொல்கிறார். நீங்கள் கேட்பது டப்பிங் கலைஞர் ஒருவரின் குரல். சொன்னதோடு விடாமல் அந்தக் கலைஞரின் பக்கத்தையும் இணைத்து, பாராட்டை அவருக்குச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார்.

சின்னத்திரையில் இது புதிதல்ல. பக்கத்து மாநிலங்களிலிருந்து வருகிற பலருக்குக் குரல் வேறொருவர்தான். சொந்தக் குரலில் பேசுகிறவர்களுக்கும் ஷூட்டிங்கோடு வேலை முடிந்துவிடாது, டப்பிங் தனியாகப் பேச வேண்டும். எதிர்நீச்சலில் ஆதி குணசேகரனாக வந்த மாரிமுத்து எங்கள் பக்கத்துக்காரர், தேனி மாவட்டம் வருசநாட்டுப் பக்கம். அந்தப் பேச்சு அவருடைய சொந்தப் பேச்சு. 2023 செப்டம்பர் 8 அன்று அந்த சீரியலுக்கு டப்பிங் பேசப் போன இடத்தில்தான் நெஞ்சுவலி வந்து அவர் உயிர் போனது. அன்று எங்கள் காம்பவுண்டில் யார் வீட்டிலும் டிவியை அணைக்க மனசு வரவில்லை.

நம் நடிகர் விஷயத்துக்கு வருகிறேன். அந்தப் பதிலைப் படித்ததும் மதினிக்குக் கோபம். இத்தனை நாள் ஏமாற்றிவிட்டார் என்றாள். அத்தை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப நான் ரெண்டு பேரையும்ல ரசிச்சிருக்கேன்" என்றார். பாப்பாவிடம் சொல்லி அந்த டப்பிங் கலைஞரின் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். ஸ்டுடியோவில் மைக் முன்னால் நின்று பேசுகிற ஒரு சின்ன வீடியோ. தலை நரைத்த மனிதர், கண்ணாடி, சாதாரணச் சட்டை. "வந்துட்டுப் போறாய்ங்க" என்று அவர் வாயிலிருந்து வந்ததும் அத்தை போனை வாங்கித் தானே ஒரு இதயப் பொம்மை போட்டார். இளவயதில் 15 காசு கார்டில் சினிமா நடிகருக்கு எழுதிப்போட்டுவிட்டு, கையெழுத்துப் போட்ட படம் வருமா என்று தபால்காரரைப் பார்த்து நின்றவர் அவர். இப்போது பத்து நிமிஷத்தில் அந்தக் கலைஞரிடமிருந்து "நன்றிம்மா" என்று வந்தது. வாசலில் நின்ற எல்லோரிடமும் காட்டிவிட்டுத்தான் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

கேட்டவருக்கு இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பதில் ஸ்டோரியில் வந்தால் சரி. அதே நடிகர் பெயரில் உங்கள் இன்பாக்ஸுக்கு வந்து "ரசிகர் சந்திப்புக்குப் பணம் கட்டுங்கள்" என்றால் அது அவர் இல்லை. நீல டிக்கைப் பார்த்தும் ஏமாறாதீர்கள், இப்போது அதைக் காசு கொடுத்தே வாங்கலாம். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்குக் கூப்பிடுங்கள்.

கேள்வி கேட்பதாக இருந்தால் வேலையைப் பற்றிக் கேளுங்கள். கல்யாணம் எப்போது, சம்பளம் எவ்வளவு என்றால் பொம்மைதான் வரும். கிளிசரின் போட்டால் எவ்வளவு நேரம் எரியும், மழை சீனில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் மனிதர் உட்கார்ந்து பேசிவிடுவார்.

போன வாரம் மாமாவே ஒரு கேள்வி கொடுத்தார். கதையில் ஒரே ஒரு கல்யாண நாளை வாரக்கணக்கில் இழுத்தார்கள். அத்தனை நாளும் மூத்த மகன் அதே பட்டுச் சட்டைதான். "அந்தச் சட்டையைத் துவைப்பீங்களா, இல்ல ஒரே மாதிரி நாலு தைச்சு வச்சிருப்பீங்களா?" தைக்கிறவள் என்பதால் எனக்கும் தெரிந்தாக வேண்டும். பாப்பா அனுப்பிவிட்டாள், ஸ்கிரீன்ஷாட்டும் எடுத்தாயிற்று. இன்னும் பதில் வரவில்லை.