ஒன்றரை வயதில் திடீரென்று கெடும் ராத்தூக்கம்

கேள்வி: என் மகளுக்கு 19 மாதம். போன மாதம் வரை இரவு எட்டரைக்குத் தூளியில் போட்டு ஆட்டினால் தூங்கிவிடுவாள். பாயில் மாற்றிப் படுக்க வைத்தால் காலை ஆறு மணி வரை பிரச்சினை இருக்காது. நான் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து எல்லாம் தலைகீழ். தூங்கவே பத்து மணி ஆகிறது. ஒரு மணிக்கு எழுந்து உட்கார்ந்து "காக்கா, காக்கா" என்று பேசுகிறாள், பால் கேட்கிறாள், செல்போன் கேட்கிறாள். மறுபடி தூங்க இரண்டரை ஆகிவிடும், எழுவது ஆறரைக்கு. பகலில் மாமியார் பார்த்துக்கொள்கிறார். காலை பதினொன்றுக்கு ஒரு மணி நேரம், சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறரை வரை தூங்குகிறாள். மாமியார் திருஷ்டி என்கிறார். பக்கத்து வீட்டில் சளி மருந்து அரை ஸ்பூன் கொடுத்தால் தூங்கும் என்கிறார்கள். மாமியார் தன்னோடு படுக்க வைத்துக்கொள்ளவும் தயாராக இருக்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, திருச்சி

பதில்: முதலில் அந்தச் சளி மருந்து. வேண்டவே வேண்டாம். குளோர்பெனிரமின், பினைல்எஃப்ரின் இரண்டும் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே சொல்லியிருக்கிறது. இந்த வகை மருந்தில் குழந்தை மயங்கிக் கிடக்கலாம், மூச்சு மந்தமாகலாம். சில குழந்தைகள் தூங்குவதற்குப் பதிலாக இரவெல்லாம் ஆட்டம் போடும். திருஷ்டி கழிப்பதால் கெடுதல் ஒன்றுமில்லை. பாட்டி ஆசைப்பட்டால் சுற்றிப் போடட்டும், ஆனால் தூங்கும் நேரத்துக்கு முன்னாலேயே முடித்துவிடச் சொல்லுங்கள்.

நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைக்கு இந்த வயதில் தூக்கம் கெடுவது சகஜம். இதைத்தான் 'ஸ்லீப் ரிக்ரெஷன்' என்கிறார்கள். பேச்சு வேகமாக வரும் வயது. அன்று கற்ற சொல்லை நடுராத்திரியில் எழுந்து சொல்லிப் பார்க்கும் குழந்தைகள் நிறைய. உங்கள் மகளின் காக்காவும் அந்த ரகம்தான். அம்மாவைப் பிரியும் பயமும் இப்போது பலமாக இருக்கும். அந்த நேரம் பார்த்து நீங்களும் வேலைக்குப் போயிருக்கிறீர்கள். இதெல்லாம் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும்.

அடங்காமல் நிற்பது வேறொன்று: அழுகையை நிறுத்த ராத்திரி ஒரு மணிக்கு நாம் புதிதாக ஆரம்பித்து வைக்கும் பழக்கம். இன்றைக்கு ஒரு பாட்டில் பால், நாளைக்கு செல்போனில் ஒரு பாட்டு என்று போனால், பயம் தெளிந்த பிறகும் பாலுக்காகவும் பாட்டுக்காகவும் விழிப்பு வரும். அதனால் நான் பெற்றோரிடம் சொல்வது இதுதான்: இன்னும் ஆறு மாதம் தினமும் செய்ய முடியாத எதையும் இன்று ராத்திரி ஆரம்பிக்காதீர்கள்.

இப்போது கணக்குப் பார்ப்போம். ஒன்று முதல் இரண்டு வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் தூங்க வேண்டும். நீங்கள் எழுதியதைக் கூட்டினால் இரவில் ஏழு, பகலில் இரண்டரை, மொத்தம் ஒன்பதரைதான் வருகிறது. சாயங்காலம் ஆறரை வரை தூங்கிய குழந்தைக்கு எட்டரைக்கு எப்படித் தூக்கம் வரும்? பத்து மணி வரை இழுக்கும்போது அலுப்பு தலைக்கேறிவிடும். அப்படித் தூங்கும் குழந்தை நடுவில் விழித்தால் மறுபடி எளிதில் தூங்காது. பகலில் இரண்டு தூக்கம் ஒன்றாகக் குறையும் வயது இது. பதினொன்று மணித் தூக்கத்தைத் தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, மதியச் சோறு ஊட்டியபின் பன்னிரண்டரைக்குக் கொண்டுவாருங்கள். மூன்று மணிக்கு மேல் தூங்க விட வேண்டாம். சாயங்காலம் ஐந்து மணிக்குச் சிணுங்கும்போது தூளியில் போடாமல் வாசலுக்கோ மொட்டை மாடிக்கோ தூக்கிப் போகச் சொல்லுங்கள். முதல் வாரம் ஏழரைக்கே கண் சொக்கினால் தூங்கட்டும். "சீக்கிரம் தூங்கினால் சீக்கிரம் எழுந்துவிடுமே" என்று பயப்படுவார்கள். இந்த வயதில் பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை.

அடுத்தது தூளி. நாம் எல்லோருமே இரவில் பலமுறை லேசாக விழிக்கிறோம். தூங்கும்போது இருந்த இடத்திலேயே, இருந்தபடியே இருந்தால் புரண்டு படுத்துவிடுவோம். உங்கள் மகள் கண்மூடியது ஆடும் தூளியில், விழித்துப் பார்த்தால் கிடப்பது ஆடாத பாயில். கூப்பிடாமல் என்ன செய்வாள்? போன மாதம் வரை இதைப் பொருட்படுத்தவில்லை. இப்போது விவரம் தெரிகிறது. அதனால் இரவு மட்டுமாவது பாயிலேயே தூங்கப் பழக்குங்கள். பகல் தூக்கத்துக்குத் தூளி இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். இந்த வயதுக் குழந்தை தூளிக்குள் எழுந்து நிற்கும், சேலை முறுக்கிக்கொள்ளும், கழுத்தில் சுற்றும் ஆபத்து உண்டு.

தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே டிவி, செல்போனை அணைத்துவிடுங்கள். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்பதுதான் குழந்தை மருத்துவர்களின் நிலை. கூட்டுக் குடும்பத்தில் சீரியல் நேரத்தில் இது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். குறைந்தது படுக்கும் அறைக்குள் சத்தமும் வெளிச்சமும் வராமல் கதவைச் சாத்தலாம். முகம் கைகால் கழுவி, பால் குடித்து, பல் துலக்கி, விளக்கணைத்து, ஒரே தாலாட்டு. தினமும் இதே வரிசை.

ஒரு மணிக்கு எழுந்தால்? உடனே பாய வேண்டாம். ஓரிரு நிமிடம் பொறுங்கள், சில சமயம் அதுவே படுத்துவிடும். அழுதால் பக்கத்தில் படுத்து முதுகைத் தட்டி, "ராத்திரி ஆச்சு, காக்காவும் தூங்குது" என்று ஒரே வாக்கியத்தை மெதுவாகச் சொல்லுங்கள். விளக்கு போடாதீர்கள், ஹாலுக்குத் தூக்கிப் போகாதீர்கள், கதை வேண்டாம். பாலை ஒரே நாளில் நிறுத்த மனம் வராவிட்டால் இரண்டு நாளுக்கு ஒருமுறை 30 மில்லி குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் டம்ளரில் தண்ணீர். ராத்திரிப் பாட்டில் பால்தான் முன்பற்கள் சொத்தையாவதற்கு முக்கியக் காரணம். முதல் சில இரவுகள் அழுகை கூடத்தான் செய்யும். அதற்குப் பயந்து மூன்றாம் நாள் செல்போனைக் கொடுத்தால் பழையபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

குழந்தையைத் தனி அறையில் போட்டு அழ விடுங்கள் என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். நம் வீடுகளுக்கு அது தேவையில்லை. ஒன்றரை வயதுக்குப் பிறகு பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டே இதையெல்லாம் செய்யலாம்.

காலையில் குழந்தை பார்க்காதபோது நழுவி வேலைக்குப் போகிறீர்களா? தயவுசெய்து வேண்டாம். அழுதாலும் பரவாயில்லை, "அம்மா வேலைக்குப் போயிட்டு வரேன்" என்று டாட்டா காட்டிவிட்டே கிளம்புங்கள். எப்போது காணாமல் போவாள் என்று தெரியாத அம்மாவைத்தான் குழந்தை ராத்திரியிலும் எழுந்து தேடும். திரும்பி வந்ததும் முதல் கால் மணி நேரம் செல்போன் இல்லாமல் அவளோடு உட்காருங்கள், அடுப்படி காத்திருக்கும்.

இவ்வளவு செய்தும் ஒரு மாதத்தில் மாறாவிட்டால், அல்லது இப்போதே கீழ்க்கண்டவற்றில் ஏதாவது இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். காதைப் பிடித்து இழுத்து அழுவது, காய்ச்சல், தினமும் குறட்டை, வாயால் மூச்சு விடுவது. ஆசனவாயில் ராத்திரி அரிப்பு இருந்தால் கீரிப்பூச்சியாக இருக்கலாம். கோரைப்பல் முளைக்கும் வயது என்பதால் ஈறு வலியும் இருக்கலாம், ஆனால் நல்ல காய்ச்சலைப் பல்லின் தலையில் போடாதீர்கள். தூக்கத்தில் ஓயாமல் காலை உதைத்தால், மண் தின்றால், இரும்புச்சத்தைப் பார்க்க வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் நம் நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாலை நிறையக் குடித்துச் சோற்றைத் தள்ளும் குழந்தைகளுக்கு இது எளிதாக வரும். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் பால் வேண்டாம்.

மாமியாரோடு படுக்க வைப்பதைக் கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் செய்யலாம். வாரத்தில் இரண்டு நாள் அவரும் ஒரு நாள் உங்கள் கணவரும் ராத்திரி முறை எடுத்துக்கொள்ளட்டும், உங்களுக்கும் தூக்கம் வேண்டும். ஒரே நிபந்தனை: யார் படுத்தாலும் அதே பாய், அதே தட்டல், அதே வாக்கியம். பாட்டியின் தலையணைக்கடியில் செல்போன் இருக்கக் கூடாது.